டெல்ஃபினாவின் ஃபோம் இரும்பைத் தின்கிறதா?

துப்பாக்கிப் பெட்டிகளுக்கு டெல்ஃபினா வெட்டித் தரும் ஃபோம் இரும்பைத் தின்கிறது என்று முதலில் சொன்னது யார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. நான் கேள்விப்பட்டது பியெரினாவின் மதுக்கடையில். அங்கே சொல்லப்படும் எதற்கும் முதல் ஆள் கிடையாது. எல்லோரும் இரண்டாவது ஆள்தான்.

"சேதி தெரியுமா? அந்தம்மா பெட்டிக்குள்ள துப்பாக்கியப் படுக்க வெச்சா துருப்புடிச்சுத்தான் எந்திரிக்குதாம். ஃபவுஸ்தினோ ஒரு வருஷம் கண்ணக் குடுத்துச் செதுக்குன வேலை, போச்சு" என்றார் பியெரினா, கோப்பையைத் துடைத்தபடி.

"யாரு சொன்னா?"

"எல்லாரும்தான்."

"எல்லாரும்னா?"

"இப்ப நீயும் சேந்துட்டியே, அந்த எல்லாரும்."

எங்கள் பள்ளத்தாக்கில் மெல்லா ஆற்றங்கரை நெடுகிலும் ஒரு வீட்டில் துப்பாக்கிக் குழலை மெருகேற்றுவார்கள், அடுத்த வீட்டில் கட்டையை இழைப்பார்கள், அதற்கடுத்த வீட்டில் இருவரையும் குறை சொல்வார்கள். இப்படிப்பட்ட ஊரில் ஒருத்தியின் கைபட்டால் துப்பாக்கி துருப்பிடிக்கும் என்று சொல்வது, ரொட்டிக்கடைக்காரர் மாவில் எலிமருந்து கலக்கிறார் என்று சொல்வதைவிட மோசம். எலிமருந்து ரொட்டியையாவது மாமியாருக்கென்று சிலர் வாங்குவார்கள்.

வதந்தியைப் பரப்புவதற்குப் பத்திரிகையில் எனக்கு வாரம் ஒரு பத்தி இடம் தருகிறார்கள். சரிபார்ப்பதற்கு ஒன்றும் தருவதில்லை. இருந்தாலும் மறுநாள் காலையில் டெல்ஃபினாவின் பட்டறைக்கு நடந்தேன்.

பழைய பால்பண்ணைக் கட்டடத்தின் கீழ்த்தளம் அது. சுவரெல்லாம் சாய்த்து வைத்த ஃபோம் பலகைகள். மேல்பக்கம் கறுப்பு, அடிப்பக்கம் மஞ்சள். நடுவில் நீண்ட மேசை. அதன் மேல் டெல்ஃபினாவின் ஆயுதம்: வீட்டில் ரொட்டி அறுக்கிற மின்சாரக் கத்தி. பல்லிருக்கும் இரண்டு தகடுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு ஓடும். ஞாயிற்றுக்கிழமை அதே கத்தியில்தான் ரொட்டியும் அறுப்பார் என்று ஒரு பேச்சு உண்டு. அதையும் கேட்டேன்.

"ரொட்டிக்கு வேற கத்தி. இதுல அறுத்தா ரொட்டி பெட்டிக்குத்தான் கச்சிதமா இருக்கும், ஜில்தோ வாய்க்குள்ள போகாது" என்றார். ஜில்தோ அவருடைய கணவர். லாரி ஓட்டுகிறவர். மனைவி பேசும்போது பேசுவதை எப்போதோ நிறுத்திவிட்டவர். மூலையில் உட்கார்ந்து பெட்டிகளுக்குக் கீல் பூட்டிக்கொண்டிருந்தார். தலையை மட்டும் ஆட்டினார்.

"உன் ஃபோம் இரும்பத் தின்னுதாமே?"

கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். டெல்ஃபினா கத்தியை அணைத்துவிட்டுச் சிரித்தார்.

"தின்னுச்சே! இவரு துப்பாக்கியத் தின்னுச்சு. கல்யாணமான புதுசுல."

ஆக, வதந்தி உண்மைதான். வயதுதான் கொஞ்சம் கூடிவிட்டது. அப்போது டெல்ஃபினா மெத்தை செய்யும் பட்டறையில் வேலை பார்த்தார். ஜில்தோவின் துப்பாக்கி, பெட்டிக்குள் பழைய துண்டுகளைச் சுற்றிக்கொண்டு கடகடவென்று உருளும். புது மனைவிக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. மெத்தைத் துண்டு ஒன்றை எடுத்து, துப்பாக்கியை அதன் மேல் கிடத்தி, சுற்றிலும் பேனாவால் கோடு போட்டு, ரொட்டிக் கத்தியால் அறுத்து உள்ளே வைத்தார். உருளவில்லை. ஆனால் மெத்தை ஃபோம், குளியலறைப் பஞ்சு மாதிரி, பனி ஈரத்தை எல்லாம் குடித்துவிட்டுத் துப்பாக்கியைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தது. அடுத்த வேட்டைப் பருவத்தில் பெட்டியைத் திறந்தபோது ஜில்தோவின் துப்பாக்கிக்கு அம்மை போட்டிருந்தது.

"இவரு ஒரு வார்த்த சொல்லல தெரியுமா? அதான் எனக்குத் தாங்கல. திட்டியிருந்தா மறந்திருப்பேன்."

மறக்காமல் கற்றுக்கொண்டார். தண்ணீர் குடிக்காத, கெட்டியான ஃபோம் எது என்று தேடினார். துப்பாக்கியை நேராக ஃபோம் மேல் வைத்து வரையக் கூடாது, காகிதத்தில் வரைந்து வெட்டி ஒட்டிப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டார். பென்சிலைச் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். சாய்ந்தால் கோடு துப்பாக்கியைவிடக் குண்டாகிவிடும். கத்தி கோட்டின் மேலே போகக் கூடாது, ஒரு மயிரிழை உட்பக்கமாகப் போக வேண்டும். அப்போதுதான் ஃபோம் லேசாக அழுத்தி, பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் விடாமல் பிடித்துக்கொள்ளும். விரல் விட்டு எடுக்க அரைவட்டக் குழிகள். கறுப்புக்கு அடியில் மஞ்சள் எதற்கென்றால், வேட்டைக்குப் போன இடத்தில் எதையாவது மறந்துவிட்டுப் பெட்டியை மூடப் போனால், காலியான இடம் மஞ்சளாகப் பல்லிளித்துக் காட்டிக்கொடுக்கும்.

ஒருமுறை காகிதத்தைப் புரட்டி வைத்துவிட்டு, முழுப் பெட்டிக்கும் இடம்வலம் மாறி வெட்டிவிட்டார். அந்த ஃபோம் இப்போது அவர் உட்காரும் ஸ்டூலின் மேல் இருக்கிறது.

"தப்பு மேல உக்காந்துக்கிட்டு வேலை பாத்தா அடுத்த தப்பு வராது" என்றார்.

வருகிறவர்களிடம் அவர் கேட்கிற கேள்விகள் டாக்டர் கேட்கிற மாதிரி இருக்கும். எந்தக் கையால் எடுப்பாய்? பெட்டியை மேசையில் திறப்பாயா, கார் முகப்பில் வைத்தா? விமானத்தில் போகுமா? ஒரு புண்ணியவான், பொண்டாட்டிக்குத் தெரியாமல் சாராயக் குப்பி வைக்க ஓர் இடம் கேட்டான். அழகாக வெட்டிக் கொடுத்தார். பெட்டியை வாங்க வந்தது பொண்டாட்டி. "இது எதுக்கு?" என்று அவள் கேட்டதும் டெல்ஃபினா தயங்காமல், "தூரத்துல இருக்கறது கிட்டத்துல தெரியறதுக்கு" என்றாராம். அவள் தொலைநோக்கிக்கு என்று நினைத்துக்கொண்டாள். பொய் என்று யார் சொல்ல முடியும்?

இவ்வளவு பேசியும், உள்ளே ஒன்று அரித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. மேசையின் ஓரத்தில் பாதி வெட்டிய இரண்டு பெட்டிகள். சொந்தக்காரர்கள் வந்து துப்பாக்கியை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவருக்கு அதிகம் வேலை தருகிற துப்பாக்கிக் கம்பெனியோ, இந்த மாதக் கடைசியோடு பெட்டி வேலையை பிரெஷா நகரத்தில் இருக்கும் ஓர் இயந்திரத்துக்கு மாற்றப்போவதாகச் சொல்லியிருந்தது. இயந்திரம் துருப்பிடிக்க வைக்காது என்று நம்புகிறார்கள். அதுவே இரும்பில் செய்தது.

"வேலை போனா போவுது. மெத்தை தைக்கத் தெரியும். ஆனா 'டெல்ஃபினா தொட்டாத் துரு'ன்னு பேரு வந்திருச்சுன்னா, நான் செத்த பெறகும் அது இந்த ஊர்ல இருக்கும்" என்றார். பிறகு, "ஃபவுஸ்தினோவ அந்தத் துப்பாக்கியக் கொண்டாரச் சொல்லு. பெட்டியோட" என்றார்.

ஃபவுஸ்தினோ என்னோடு பள்ளியில் படித்தவன். உருக்கின் மேல் ஊசி முனையால் ஆயிரக்கணக்கில் புள்ளி குத்திக் குத்திப் பறவையை உண்டாக்குகிறவன். அவன் குத்திய கவுதாரியைப் பார்த்தால் நாய் குரைக்கும். சால்ஸ்புர்க்கிலிருந்து ஒருவர் கேட்டிருந்த துப்பாக்கி அது. இரண்டு பக்கத் தகட்டிலும் கவுதாரிகள், பூச்சு எதுவும் இல்லாத வெள்ளை உருக்கு. பெட்டி தயாரானதும், வாங்குகிறவர் வரும்வரை துப்பாக்கி ஃபவுஸ்தினோவின் வீட்டில் இருந்தது. வாங்க வந்தவர் பெட்டியைத் திறந்ததும் ஒரு கவுதாரியின் மார்பில் பழுப்புக் கறை. மனிதர் பெட்டியை மூடி அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். கம்பெனி யார் குற்றம் என்று கேட்டது. ஃபவுஸ்தினோ பெட்டியைக் காட்டினான்.

"அவகிட்ட நான் எதுக்கு வரணும்? கறை கண்ணுக்குத் தெரியுது. அது பஞ்சுக்குள்ளதான் இருந்துச்சு. அப்புறம் என்ன கணக்கு?" என்றான்.

"வராட்டி, நீ பயந்துட்டேன்னு எழுதுவேன்."

"எழுதுவியா?"

"படத்தோட."

வந்தான். பின்னாலேயே அவனுடைய மைத்துனர் ஒர்லாந்தோவும் வந்தார். சண்டை நடக்கும் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

டெல்ஃபினா வணக்கம்கூடச் சொல்லவில்லை. பெட்டியைத் திறந்து துப்பாக்கியைப் பூ எடுப்பதுபோல் எடுத்துத் துணி மேல் வைத்தார். தையல்காரர்கள் கோடு போடுகிற சுண்ணக்கட்டியை எடுத்து, ஃபோமின் உள்பக்கம் முழுவதும், மூடியின் உள்பக்கமும் விடாமல், தேய்த்தார். துப்பாக்கியை உள்ளே படுக்க வைத்து மூடினார்.

"தூக்குய்யா."

ஃபவுஸ்தினோ தூக்கினான்.

"ஆட்டு. விமானத்துல ஏத்தறவன் தூக்கிப் போடற மாதிரி ஆட்டு. என்ன, கொழந்தையத் தாலாட்டற மாதிரி ஆட்டற? ஒர்லாந்தோ, நீ வா. உனக்குத்தான் எதையும் ஒழுங்கா வெக்கத் தெரியாது."

ஒர்லாந்தோ மகிழ்ச்சியோடு ஆட்டினார். ஜில்தோ கீலை வைத்துவிட்டு எழுந்து வந்து நின்றார்.

பெட்டியைத் திறந்து துப்பாக்கியை வெளியே எடுத்தபோது குழலில் சுண்ணாம்பு, கட்டையில் சுண்ணாம்பு, பிடியில் சுண்ணாம்பு. கவுதாரிகள் இருந்த தகடுகளில் மட்டும் துளிகூட இல்லை. இரண்டு பக்கமும் பளிச்சென்று இருந்தன. பளிச்சென்ற அந்தத் தகட்டின் நடுவில் கறை.

"செதுக்கின எடத்துல நான் ஃபோமத் தொட விடறதே இல்ல. அடியிலயும் குழி, மூடியிலயும் குழி. உன் கவுதாரிங்க காத்துல படுத்திருக்கு. நீ குத்துன ஊசி வேலைக்கு நான் குடுக்கற மரியாத அது. இதுநாள்வரைக்கும் உனக்கே தெரியாது, இல்ல?"

ஃபவுஸ்தினோ குனிந்து பார்த்தான். கண்ணில் பொருத்தும் பூதக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தான். அவன் முகம் மாறியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். காரணம்தான் எங்களுக்குத் தெரியவில்லை. டெல்ஃபினாவுக்குத் தெரிந்திருந்தது.

"அந்தக் கண்ணாடிய இங்க குடு. இது என்ன வடிவம்? முட்டை மாதிரி. உள்ள சின்னச் சின்ன வரி. நடுவுல குறுக்கால ஒரு கோடு வெள்ளையா ஓடுது. ஃபோமுக்கு ரேகை கெடையாது ஃபவுஸ்தினோ. கட்டைவிரலக் காட்டு."

காட்டவில்லை. கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான். எங்கள் எல்லோருக்கும் தெரியும், இளவயதில் ஊசி வழுக்கிக் கட்டைவிரலின் குறுக்கே கிழித்த தழும்பு அவனுக்கு உண்டு. பெண்களிடம் காட்டிப் பெருமைப்பட்டிருக்கிறான்.

"பெட்டி உன் வீட்டுக்கு வந்தப்புறம் எந்த ஞாயித்துக்கிழம கறியக் கம்பியில கோத்து ஸ்பியேதோ சுட்ட?" என்று கேட்டார் டெல்ஃபினா.

பதில் சொன்னவர் ஒர்லாந்தோ. கெட்ட எண்ணம் எதுவும் இல்லாத மனிதர். "அடடா, அன்னைக்கா! என்ன ஸ்பியேதோ தெரியுமா அது! காலையிலேருந்து கம்பி சுத்துது, கறி மேல வெண்ணெயும் உப்பும் சொட்டுது, ஃபவுஸ்தினோ விரலாலயே பிச்சுப் பிச்சு எல்லாருக்கும் குடுக்கறான். அப்புறம், இருங்க ஒண்ணு காட்டறேன்னு துப்பாக்கியக் கொண்டாந்து..."

நிறுத்தினார். பட்டறையில் இருந்த எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"கை தொடச்சான்" என்றார் மெதுவாக. "துண்டுல தொடச்சான். நான் பாத்தேன்."

உப்பு துண்டுக்குப் பயப்படுவதில்லை. வெள்ளை உருக்கின் மேல் உப்புக்கை பட்டால் என்ன ஆகும் என்று எங்கள் பள்ளத்தாக்கில் பள்ளிக்கூடத்துக்குப் போகாதவனுக்கும் தெரியும். ஆனால் சமைத்த ஸ்பியேதோவையும் செதுக்கிய துப்பாக்கியையும் ஒரே மேசையில் காட்டிப் பாராட்டு வாங்க வேண்டும் என்கிற ஆசை வந்துவிட்டால் எங்களில் யாருக்கும் எதுவும் தெரியாது.

ஜில்தோ வாயைத் திறந்தார். "நல்லா வெந்திருந்துச்சா?" என்று கேட்டார். கேலி செய்கிறாரா, உண்மையிலேயே கேட்கிறாரா என்று இன்றுவரை விளங்கவில்லை.

டெல்ஃபினா வெற்றிக்கூச்சல் போடுவார் என்று நினைத்தேன். அவருக்கு நாக்கு நீளம்; ஊருக்கே தெரியும். ஆனால் கறையைப் பார்த்துக்கொண்டே நின்றார். "அந்தக் கவுதாரி மார்புல சிறகு ஒவ்வொண்ணும் தனித்தனியா இருக்குய்யா. அது போயிடக் கூடாது. எடுக்க முடியுமா?" என்றார்.

"முடியும். நேரமாகும்" என்றான் ஃபவுஸ்தினோ, பைக்குள் கையோடு.

எடுத்தான். துருவை ஒத்தி எடுத்து, போன புள்ளிகளைத் திரும்பக் குத்தினான். அந்த ஒரு கவுதாரி மற்றவற்றைவிடச் சற்றே கறுத்துவிட்டது. திரும்பி வந்த சால்ஸ்புர்க்காரர், "இது ஆண் பறவையா?" என்று கேட்டுச் சந்தோஷமாக எடுத்துக்கொண்டு போனாராம்.

கம்பெனியிடம் ஃபவுஸ்தினோ போய்ப் பேசியதும் உண்மைதான். "பெட்டியில இப்ப பிரச்சனை ஏதும் இல்ல" என்று சொன்னான். அந்த 'இப்ப' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். மாதக் கடைசி வந்தது. வேலை இயந்திரத்துக்குப் போகவில்லை. டெல்ஃபினாவிடமே இருந்தது. பாதி வெட்டிய இரண்டு பெட்டிகளுக்கும் துப்பாக்கிகள் திரும்பி வந்தன. ஆனால் பியெரினாவின் மதுக்கடையில், "அந்தம்மா ஃபோம மாத்திட்டாங்களாம், இப்ப பரவால்ல" என்று பேசிக்கொள்கிறார்கள். டெல்ஃபினா எதையும் மாற்றவில்லை. அதே பலகை, அதே கத்தி, அதே குழி.

ஃபவுஸ்தினோ சும்மா இருக்கவில்லை. பட்டறைக் கதவின் இறங்கிப்போன கீலைச் சரிசெய்து கொடுத்தான். பன்றித்தொடைத் தொத்திறைச்சி அனுப்பினான். டெல்ஃபினாவின் கத்திக்குப் புதுத் தகடு ஒன்று செய்து, அதில் வேலைக்கு இடைஞ்சல் இல்லாத ஓரத்தில் ஒரு சின்னக் குருவியைக்கூடச் செதுக்கிக் கொடுத்தான். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். குருவியைப் பார்த்து, "அழகா இருக்கு. ஆனா நான் கேட்டது இது இல்ல" என்றார்.

அவர் கேட்டது ஒரு வாக்கியம். சனிக்கிழமை சாயங்காலம், கடை நிரம்பியிருக்கும்போது, "அது என் கட்டைவிரல்" என்று ஃபவுஸ்தினோ தன் வாயால் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

"வேணும்னா நான் பத்திரிகையில எழுதிடறேன், முடிஞ்சுது" என்றேன்.

"எழுது. யார் வேணாம்னா? அது உன் வாய். எனக்கு வர வேண்டியது அவன் வாய்" என்றார்.

போன சனிக்கிழமை நானும் கடையில் இருந்தேன். ஃபவுஸ்தினோ எழுந்து நின்றான், தொண்டையைச் செருமினான். பியெரினா கோப்பை துடைப்பதை நிறுத்தினார். டெல்ஃபினா ஜில்தோவின் பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு, தலையைச் சற்றே சாய்த்துக் காத்திருந்தார்.

"எல்லாருக்கும் என் கணக்குல ஒரு கிளாஸ் பிர்லோ" என்றான் ஃபவுஸ்தினோ, உட்கார்ந்துவிட்டான்.

எல்லோரும் கைதட்டினார்கள். டெல்ஃபினா தன் கோப்பையை எடுத்துக் கடைசிச் சொட்டுவரை குடித்து, காலிக் கோப்பையை அவன் முன்னால் கொண்டுபோய் வைத்துவிட்டு, "இது வேற கணக்கு" என்று சொல்லிக் கிளம்பினார்.