சீசன் அக்கா

பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததும் சீசன் அக்கா நேரே குளியலறைக்குப் போய், தண்ணீர் போகும் துளையில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுவார். ஆள் புழங்காத வீட்டில் அது காய்ந்துபோனால் சாக்கடை நாற்றம் மேலேறிவிடும். அப்புறம் ஜன்னல்களைத் திறப்பார். குழாயில் துருநீர் வடிந்து தெளியும்வரை நிற்பார். மல்லாந்து கிடக்கும் கரப்பான்பூச்சிகளைக் காகிதத்தில் அள்ளி வெளியே போடுவார். மழைக்காலம் முழுக்க இப்படி வீடு வீடாகப் போய்வருவார். யாரும் கேட்டுச் செய்வதில்லை.

அக்கா வீட்டுத் தரகர். எதைப் பேசினாலும் அதில் ஒரு ‘சீசன்’ வந்துவிடும் என்பதால் இந்தப் பெயர். பள்ளி விடுமுறை தொடங்கினால் அவருடைய சீசன். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் போன், கையில் சாவிக்கொத்து, ஸ்கூட்டரின் பின்னால் ஒரு காரோ இரண்டு காரோ. ஒரே வீட்டை மூன்று குடும்பங்கள் சேர்ந்தாற்போல் சுற்றிவரும். ஒருவர் சமையலறையில் நின்று அலமாரி எங்கே வைக்கலாம் என்று ஆசைப்பட்டுக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் கூடத்தில் முன்பணத்தை நீட்டிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு, சித்தப்பா சித்தி சகிதமாகப் பொழுதுபோகாமல் வீடு பார்க்க வருகிறவர்களும் உண்டு. அவர்களையும் அக்கா முகம் சுளிக்காமல் மொட்டைமாடி வரை கூட்டிப்போவார். அந்த நாட்களில் நின்றபடிதான் சாப்பாடு. “இவ உட்கார்ந்து சாப்பிட்டா மழைக்காலம் வந்துடுச்சுன்னு தெரிஞ்சுக்குவேன்” என்பார் அவர் கணவர்.

மழை பிடித்துக்கொண்டால் ஈ, காக்கா எட்டிப் பார்க்காது. பிள்ளைகள் பள்ளியில் சேர்ந்தாயிற்று, யாரும் இருக்கிற இடத்தைவிட்டு அசைவதில்லை. மற்ற தரகர்கள் போனை அணைத்துவிட்டுத் தூங்கப் போவார்கள். “சீசன்ல வீடு தானா விக்கும் தம்பி. அதுல நான் எங்க இருக்கேன்? வழி காட்டுற ஆளு, அவ்வளவுதான்” என்பார் அக்கா.

நாங்கள் அவரிடம் போனது சீசன் உச்சத்தில். மூன்றாவது மாடியில், லிஃப்ட் இல்லாத வாடகை வீட்டில் இருந்தோம். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து, வாக்கரைப் பிடித்து நாலு அடி வைக்கிற அளவுக்குத் தேறியிருந்தார். ஆனால் படி இறங்க முடியாது. மருத்துவமனைக்கென்றால் இரண்டு பேர் நாற்காலியோடு தூக்க வேண்டும். அந்த நேரத்தில் அவர் கண்ணை இறுக்க மூடிக்கொள்வார். தபால்காரராக இருந்து ஊரையே நடந்து தீர்த்த மனிதர், ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். தரைத்தளத்தில் ஒரு வீடு வாங்க வேண்டும், அவ்வளவுதான் எங்கள் தேவை.

தரைத்தள வீடுகள்தான் முதலில் பறிபோயின. நாங்கள் யோசித்துச் சொல்கிறோம் என்று வாயெடுப்பதற்குள் வேறு யாரோ முடித்துவிடுவார்கள். அலுத்துப்போய், கிடைத்த ஒன்றுக்கு முன்பணம் கொடுக்கத் துணிந்தேன். அக்காதான் தடுத்தார். “இது வேணாம். அப்பாவுக்கு ஆவாது. மழை வரட்டும்.” எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. ஆள் வராத காலத்துக்கு நம்மைச் சேமித்து வைக்கிறார் என்று மனைவியிடம் பொரிந்து தள்ளினேன். அவள் மட்டும் அக்காவை நம்பினாள்.

மழை வந்தது. சொன்னபடி அக்காவும் கூப்பிட்டார். கொட்டுகிற மழையில் போய் நின்றால் சாவி திரும்புகிறது, கதவு திறக்கவில்லை. ஈரத்தில் உப்பிப்போயிருந்தது. அக்கா தோளால் இடித்துக்கொண்டே, “நல்ல மரம் தம்பி, அதான் தண்ணி குடிக்குது” என்றார். அந்த நிலையிலும் விற்பனையை விடவில்லை. கதவு திறந்ததும் நான் சுவரோரமெல்லாம் கசிவு தேடினேன். எங்கும் சொட்டு ஈரமில்லை.

மாடியில் குடியிருந்த அம்மாள் எட்டிப் பார்த்து, “கால் சரியாயிடுச்சா?” என்று அக்காவை விசாரித்தார். எங்களுக்குப் புரியவில்லை. இந்தம்மா முந்தின வாரம் வாக்கரை ஊன்றிக்கொண்டு இந்த வீட்டுக்குள் அறை அறையாக நடந்தாரே என்றார் அவர். அக்கா சேலைத் தலைப்பைப் பிழிந்தபடி எங்கோ பார்த்தார். மனைவி விடவில்லை, துருவிக் கேட்டாள்.

“தெரிஞ்சவங்க வீட்ல ஒரு பழைய வாக்கர் கெடந்துச்சு, எடுத்துட்டு வந்தேன். சீசன்ல இதுக்கெல்லாம் நேரம் ஏது? காலியா இருக்கிற வீட்ல எல்லாம் நடந்து பாத்தேன். நெறைய வீட்ல பாத்ரூம் வாசல்லயே மாட்டிக்கிச்சு. இங்க தாராளமா போவுது. வாசப்படி ஒண்ணுதான், அதைச் சரிவாப் பூசிக்கலாம்.”

பெற்ற பிள்ளை எனக்கே குளியலறைக் கதவின் அகலம் தோன்றவில்லை. அந்த நன்றியை அன்றைக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. இப்போதும் தெரியாமல்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

குடிவந்த நாளில் வானம் வெளுத்திருந்தது. வாசற்படியை அதற்குள் சரிவாகப் பூசியிருந்தோம். அக்காவும் வந்திருந்தார். சொந்தபந்தமெல்லாம் வந்து வீட்டை வாய்நிறையப் புகழ்ந்துகொண்டிருந்தது. கூடத்தில் உட்கார வைத்திருந்த அப்பா மெல்ல எழுந்து, வாக்கரைத் தெருப்பக்கம் திருப்பினார். பிடிக்கப் போன என்னை வேண்டாமென்று தலையசைத்தார். வாசலில் வந்தவர்களின் செருப்புகள் இறைந்து கிடந்தன. யார் கண்ணிலும் அவை படவில்லை. அக்கா குனிந்து, அத்தனை செருப்பையும் இரண்டு கையாலும் வாரி ஓரமாக ஒதுக்கிவிட்டு, சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டார்.