மாப்பிள்ளை மோட்டார் யாருடையது?

ஒரு மாதத்துக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை காலை. நானும் என் அண்ணனும் ஒரு சுவர் தண்ணீர் குடிப்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றோம்.

சுங்குவார்சத்திரத்திலிருந்து வாலாஜாபாத் போகிற ரோட்டில், எங்கள் ஊருக்குத் திரும்பும் இடத்தில் ஒரு தொழிற்சாலை வரப்போகிறது. என்ன தொழிற்சாலை? யாருக்கும் தெரியாது. காம்பவுண்டு சுவர் மட்டும் வந்துவிட்டது. ஓர் ஆள் ஹோஸைப் பிடித்துக்கொண்டு, கல்யாணப் பெண்ணைக் குளிப்பாட்டுவது போல அத்தனை பொறுமையாக அந்தச் சுவரை நனைத்துக்கொண்டிருந்தார்.

அந்தத் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்த மோட்டாரைக் கேட்டு வாங்கத்தான் நாங்கள் போயிருந்தோம்.

இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்களுக்கு என் அண்ணன் எத்திராஜைத் தெரியும். நான் ஸ்ரீபெரும்புதூரில் டீச்சர். அவர் அப்பா விட்டுப்போன இரண்டு ஏக்கரில் நெல் போடுகிறார். எனக்கு மாதம் பிறந்தால் போதும், சம்பளம் வந்துவிடும். அவருக்கோ மழை வர வேண்டும், கரண்ட் வர வேண்டும், வந்த கரண்டில் வோல்டேஜும் இருக்க வேண்டும். அந்த வாரம் வோல்டேஜ் இல்லை. மோட்டாரில் காயில் எரிந்துவிட்டது.

வயலில் நவரை நெல். கதிர் வெளியே வந்து பால் பிடிக்கிற சமயம். நாலைந்து நாளில் தண்ணீர் பாயாவிட்டால் அத்தனையும் பதர்தான். அண்ணன் வீட்டில் அந்த வருஷச் சாப்பாடே அதுதான்.

"காயில் போனால் சரிபண்ண வேண்டியதுதானே, இதற்கு ஏன் சுவரைப் போய்ப் பார்க்கிறீர்கள்?" என்று கேட்பீர்கள். நீங்கள் மெட்ராஸ்வாசியாகத்தான் இருக்க வேண்டும். சொல்கிறேன்.

வாலாஜாபாத்தில் வேதாசலம் என்பவர் பம்ப்செட் கடை வைத்திருந்தார். மோட்டார், பைப், டிராக்டர் சாமான் எல்லாம் கிடைக்கும். எந்த ஊரில் எந்தக் கிணற்றுக்கு எத்தனை அடி பைப் போயிருக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். மோட்டார் எரிந்தால் வண்டியில் போட்டுக் கொண்டுபோவார்கள். அவர் காயில் கட்டிக் கொடுக்க மூன்று நாள் ஆகும். அந்த மூன்று நாளுக்கு, கடையில் இருக்கும் பச்சை பெயின்ட் அடித்த ஐந்து ஹெச்.பி. மோட்டார் ஒன்றைக் கொடுத்தனுப்புவார். அதற்கு வாடகையும் கிடையாது, சீட்டும் கிடையாது.

அதற்கு எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை மோட்டார் என்று பெயர். நாலு நாள் வந்து தங்கும். வீட்டில் எல்லோரும் விழுந்து விழுந்து கவனிப்பார்கள். பிறகு கிளம்பிவிடும்.

வேதாசலம் தர்மப்பிரபு என்று நினைத்துவிடாதீர்கள். மாப்பிள்ளை மோட்டாரைக் கொடுத்தால் ஆள் வேறு கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டான் என்று தெரிந்த கெட்டிக்கார வியாபாரி. இருக்கட்டுமே... கெட்டிக்காரத்தனத்தால் நாலு வயல் நனைந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

போன வருஷம் அந்தக் கடை மூடப்பட்டது. கடை மூடிய நாளில் மாப்பிள்ளை மோட்டார் யாரோ ஒருவர் கிணற்றில் இருந்தது. திருப்பிக் கொடுக்கக் கடை இல்லை. அதனால் அது சுற்றுவது நின்றதா என்றால், இல்லை. அடுத்து யாருக்குக் காயில் எரிகிறதோ அவர் வண்டி கட்டிக்கொண்டு போய் எடுத்துவருவார். யாரும் யாரையும் ஏன் என்று கேட்டதில்லை. நம் ஊரில் சொந்தக்காரன் இல்லாத ஒரு பொருள் ஒரு வருஷம் காணாமல் போகாமல் இருந்தது என்றால் நம்புவீர்களா? நானே பார்க்காவிட்டால் நம்பியிருக்க மாட்டேன்.

கடைசியாக அது இறங்கியது துலுக்காணம் மாமாவின் கிணற்றில். அவர் நிலத்தையும் கிணற்றையும் சேர்த்துத் தொழிற்சாலைக்கு விற்றுவிட்டார். இப்போது அதே நிலத்தில் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு வாட்ச்மேன். மோட்டார் கிணற்றோடு கிணறாக உள்ளே மாட்டிக்கொண்டது.

அண்ணன் மூன்று நாளாக அவரிடம் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் என்னை அழைத்துப் போயிருந்தார். படித்த தங்கச்சி பேசினால் காரியம் நடக்கும் என்று ஒரு நம்பிக்கை.

"நா இன்னா பண்ணட்டும் எத்திராஜி? மோட்டார் என்துன்னா இப்பவே தூக்கிக்கினு போன்னுடுவேன். என்து இல்லியே. உள்ள கீற சாமான் வெளிய போச்சுன்னா என் வேலதான் பூடும்" என்றார் துலுக்காணம் மாமா.

"உன்து இல்லன்னு தெரியுது இல்ல மாமா? அப்ப கம்பெனிக்காரன்து மட்டும் எப்படி ஆவும்?" என்றார் அண்ணன்.

மாமா உள்ளே போய் என்ஜினீயரைக் கூட்டி வந்தார். சின்ன வயசு. மரியாதையான பிள்ளை. எனக்கு நாற்காலி போடச் சொன்னார்.

"சுவர் இருபத்தோரு நாள் நனையணும் மேடம். இல்லேன்னா கிராக் விட்டுடும்."

"என் கதிரு ஒரே ஒரு தண்ணி நனைஞ்சா போதும் சார்" என்றார் அண்ணன்.

என்ஜினீயருக்குச் சங்கடம்தான். நெளிந்தார். "எனக்கு ஒண்ணும் இல்ல சார். மோட்டார் ஓனர்கிட்டேர்ந்து ஒரு லெட்டர் வாங்கிட்டு வந்துடுங்க. ஃபைல்ல வெச்சுட்டுக் குடுத்துடறேன்."

நியாயமான பேச்சு. அதுதான் எரிச்சலாக இருந்தது. கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டாவது வந்திருக்கலாம்.

இதற்கு நடுவில் அண்ணன் வேறு வழி பார்க்காமல் இல்லை. எரிந்த மோட்டாரைக் காஞ்சிபுரத்தில் காயில் கட்டும் கடையில் போட்டார். அங்கே ஏற்கெனவே வரிசை. பத்து நாள் ஆகும் என்றார்கள். மாற்று மோட்டார் கேட்டதற்குச் சிரித்தார்களாம். அடுத்து, வேதாசலத்துக்கு மோட்டார் அனுப்பிக்கொண்டிருந்த அதே கம்பெனியின் பெரிய ஷோரூமுக்கு மெட்ராஸ் போனார். ஏ.சி. ஹால். உட்காரவைத்து கூல் டிரிங்க் கொடுத்தார்கள். ஒரு ஃபாரம் கொடுத்துப் பெயர், விலாசம், பயிர் எல்லாம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். "காயில் கட்டறதெல்லாம் நாங்க பண்றதில்ல சார், புது மாடல் பாருங்க" என்று வழவழவென்று ஒரு புத்தகத்தையும் கொடுத்தனுப்பினார்கள். அதன் அட்டை இப்போது என் அண்ணன் மகளின் கணக்கு நோட்டுக்கு உறையாக இருக்கிறது. அந்த ஷோரூமால் எங்கள் ஊர் விவசாயத்துக்குக் கிடைத்த பலன் அவ்வளவுதான்.

ஆக, லெட்டர். அன்றைக்கு மத்தியானமே வாலாஜாபாத் போனோம்.

வேதாசலம் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் பம்ப்செட்டுக்குப் பதில் சிமென்ட் மூட்டை. காலையில் பார்த்த சுவருக்கான சிமென்ட்டே அவர் கடையிலிருந்துதான் போயிருக்கிறது.

"ஏன் நைனா கடைய மூடினே? எங்க உயிரு போவுது" என்றார் அண்ணன்.

"நானா மூடினேன்? கெணத்த தூத்துட்டு பிளாட்டு போட்டுகினு போறாங்க. மோட்டார யாருக்கு விக்கச் சொல்றே? 'உங்க ஏரியாவுல சேல்ஸ் இல்ல, ஏஜென்சிய எடுத்துக்கறோம்'னு கம்பெனிக்காரன் எழுதிட்டான். எனக்கும் வவுறு கீது இல்ல?"

விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். "அது இன்னும் ஓடிகினு கீதா? நா மறந்தே பூட்டேன். நீ டீச்சர்தானே, நீயே எழுதும்மா. நா கையெழுத்து போடறேன்."

எழுதினேன். வாசகர்களே, இங்கேதான் உங்கள் டீச்சர் தன் சாமர்த்தியத்தைக் காட்டினாள். மோட்டார் வேதாசலத்தினுடையது என்று மட்டும் எழுதியிருக்கலாம். எத்திராஜுக்குப் பத்து நாள் இரவல் கொடுக்கிறேன் என்று எழுதியிருக்கலாம். நானோ என்ஜினீயர் நுழைய ஒரு சந்துகூட விடாமல் எல்லாவற்றையும் அடைக்க நினைத்தேன். 'மேற்படி மோட்டாரைத் திரு. எத்திராஜ் அவர்களுக்கு நிரந்தரமாகக் கொடுத்துவிட்டேன். இனி அதன் மீது எனக்கோ பிறருக்கோ எவ்வித உரிமையும் இல்லை.' அந்தப் 'பிறருக்கோ' என்ற சொல்லை எழுதும்போது எனக்கே என் மீது ஒரு மரியாதை வந்தது.

வேதாசலம் படித்துக்கூடப் பார்க்கவில்லை. கடை முத்திரையையும் குத்திக் கொடுத்தார்.

என்ஜினீயர் இரண்டு முறை படித்தார், ஃபைலில் வைத்தார், சொன்னபடி மோட்டாரைக் கொடுத்தார். நாலு பேர் தூக்கி டயர் வண்டியில் ஏற்றினார்கள். சுவர் என்ன ஆயிற்று என்று கவலைப்படுகிறீர்களா? வேண்டாம். மறுநாள் காலையில் லாரியில் ஒரு டீசல் பம்ப் வந்து இறங்கியது. என்ஜினீயர் மெட்ராஸுக்கு ஒரு போன் பண்ணியிருக்கிறார், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலமே அண்ணன் வயலில் தண்ணீர் பாய்ந்தது. நான் வரப்பில் நின்று பார்த்தேன். அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் இந்த வாரம் உங்களிடம் கொஞ்சம் பெருமையடித்துக்கொண்டு போயிருப்பேன்.

பத்து நாள் என்றது பன்னிரண்டாகி அண்ணனின் மோட்டார் வந்தது. கிணற்றில் பூட்டினார். மாப்பிள்ளை மோட்டாரைத் துடைத்து, சாக்குப் போட்டு மூடி, வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தார். அடுத்த வாரம் பக்கத்து நிலத்துக் கன்னியப்பனுக்குக் காயில் எரிந்தது. கன்னியப்பன் யார் தெரியுமா? என் அண்ணனோடு ஒரே பெஞ்சில் படித்தவர். அன்றைக்கு மோட்டாரை வண்டியில் ஏற்றிய நாலு பேரில் ஒருவர். அவரும் நவரைதான் போட்டிருக்கிறார், நடவு கொஞ்சம் பிந்தி.

வழக்கம்போல வண்டியைக் கட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றாராம். அண்ணன் உள்ளே போய், லெட்டரின் நகலை எடுத்து வந்து காட்டியிருக்கிறார்.

இதைக் கன்னியப்பனின் மனைவி சரோஜா, ஸ்ரீபெரும்புதூரில் என் வீட்டுக்கு வந்து சொன்னாள். குறையாகக்கூடச் சொல்லவில்லை. "எங்களுக்கும் ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க டீச்சரம்மா. நீங்க எழுதினாதான் குடுப்பாங்கன்னு எங்க வூட்டு ஆளு சொல்லுது" என்றாள்.

எனக்கு மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவளோடு அப்படியே பஸ் ஏறினேன். அண்ணனைப் பிடித்து உலுக்கிவிடும் கோபத்தோடுதான் போனேன்.

"உனக்கே இது நல்லா கீதா?" என்றேன். ஊருக்குப் போனால் எனக்கும் கீது வந்துவிடும்.

அண்ணன் கோபப்படவில்லை. "இது அவன் கிட்ட எரிஞ்சி போச்சுன்னு வெச்சிக்கோ. நாளைக்கி எனக்குக் காயில் போச்சுன்னா நா எங்க போவேன்? வேதாசலம் கடை கீதா? சொல்லும்மா, கீதா?"

நான் வழிநெடுக மனசுக்குள் எழுதி வைத்திருந்த பிரசங்கம் வீணாய்ப் போயிற்று. என் அண்ணன் கெட்டவர் ஆகிவிட்டார் என்று சொல்லிவிட்டால் எனக்குச் சுலபம். அவர் பயந்திருக்கிறார். கடை இருந்தவரை இந்த ஊரில் யாரும் எதையும் பத்திரப்படுத்தியதில்லை. பத்திரப்படுத்த வேண்டிய பயம் அவர்களுக்கு இல்லை. வேதாசலம் ஷட்டரை இறக்கியதில் காயில் கட்டும் ஆளும் ஸ்பேர் பார்ட்டும்தான் போயின என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அண்ணனே ஒரு வழி சொன்னார். கன்னியப்பன் எழுதிக் கொடுக்கட்டும்... பத்து நாளில் திருப்பித் தருவதாக, எரிந்தால் தன் செலவில் கட்டித் தருவதாக.

யார் எழுதுவது? வேறு யார்?

சிம்னி விளக்கு மாடத்துப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினேன். கன்னியப்பன் வந்தார். வாசலிலேயே நின்று கையெழுத்துப் போட்டார். சாதாரணமாக நேரே சமையலறைக்குப் போய் அண்ணியிடம் மோர் கேட்கிறவர். பேனாவை என்னிடம் கொடுத்துவிட்டு, மோட்டாரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அண்ணன் ஒரு கை பிடிக்கப் போனார். "வேணாம், நா பாத்துக்கறேன்" என்றார் கன்னியப்பன்.

இன்றைக்கு இரண்டு வயலிலும் தண்ணீர் இருக்கிறது. இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

கடிதத்தில் மட்டும் ஒரு பிழை கிடையாது. இரண்டு முறை படித்துச் சரிபார்த்துத்தான் கொடுத்தேன்.