கதிரைகளைப் பூட்டிவைத்த சங்கம்

வல்லிபுரத்தை எங்கள் ஊரில் யாரும் 'அவர்' என்று சொன்னதில்லை. நான் சொல்லப்போகிறேன். பிடிக்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மானிப்பாய்க்கும் உடுவிலுக்கும் இடையில் உள்ள ஊர். பெயர் சொன்னால் இன்றைக்கும் நாலுபேர் பொல்லும் தடியுமாக வருவார்கள் என்பதால் பெயரை விட்டுவிடுகிறேன். ஊரின் தெற்கு மூலையில் ஒரு பனங்கூடல், அதற்குள் நெருக்கமாகக் குடிசைகள். ஆண்களுக்குக் கள்ளுச் சீவுகிற தொழில். வல்லிபுரமும் காலையும் மாலையும் மரம் ஏறுகிறவர்தான். நெடிய, காய்ந்த மனிதர். அதிகம் கதைக்கமாட்டார். தொடங்கினாலோ நிறுத்தத் தெரியாது என்பது அவருடைய பெண்சாதி பொன்னியின் முறைப்பாடு.

பனங்கூடலில் கிணறு கிடையாது. பெண்கள் ஊர்க்கிணற்றடிக்குக் குடத்தோடு போய் வேலிக்கு இப்பால் நிற்கவேண்டும். தாங்களாக அள்ளக்கூடாது. தண்ணீர் அள்ள வருகிற யாராவது மனம் இரங்கி ஊற்றினால் உண்டு. மனம் இரங்க எங்கள் ஊரில் பலருக்கு நேரம் கிடைப்பதில்லை. விடிய எழுந்து போன பொன்னி உச்சி வெயிலில் வெறுங்குடத்தோடு திரும்பிவந்த நாட்கள் பல.

அந்தக் காலத்தில் எங்கள் கிராமச் சங்கம் ஊராரின் குறைகேட்க என்று ஒரு பொதுக்கூட்டம் வைப்பதுண்டு. தலைவர் அருளம்பலத்தார். மலாயாவில் ரயில்வேக் கந்தோரில் வேலை பார்த்து, பென்சனோடும் வெள்ளிப்பூண் போட்ட கைத்தடியோடும் திரும்பிவந்தவர். "கோலாலம்பூரிலே" என்று தொடங்காமல் அவருக்கு வாய் திறக்க வராது. சாதி என்பது பழைய காலத்து மூடத்தனம் என்று மேடையில் முழங்குவார். அது எந்த மேடை, முன்னால் இருப்பது யார் என்பதைப் பொறுத்தது. அவர் வீட்டின் பின் கோடிப்புறத்துக்கு நாள் தவறாமல் வல்லிபுரத்தின் கள்ளு ஒரு முட்டி போகும். கள்ளு தொண்டைக்குள் இறங்கலாம். இறக்கினவன் வாசல் படலைக்குள் ஏறக்கூடாது.

அந்தக் கூட்டத்துக்குப் பனங்கூடல் சனமும் போய் வேலியோரம் நின்றது. எல்லாருக்காகவும் வல்லிபுரம் கேட்டார்.

"நயினார், எங்கடை பக்கத்துக்கும் ஒரு கிணறு வெட்டித் தரவேணும்."

"உங்கடை வட்டாரத்துக்கு அங்கத்தவர் முத்துக்குமாரு இருக்கிறார்தானே? அவரைப் போய்க் கேளுங்கோடா."

"அவர் எங்களோடை கதைக்கிறேல்லை, நயினார்."

"அப்ப கதைக்கிற ஒருத்தனாப் பாத்து நீங்களே அனுப்புங்கோவன்!"

முன்னால் கதிரைகளில் உட்கார்ந்திருந்தவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். முத்துக்குமாரு எல்லாரையும்விடக் கூடச் சிரித்தார். வல்லிபுரம் சிரிக்கவில்லை. தலைவர் சொல்லியிருக்கிறார், அப்படியே செய்வோம் என்று வீட்டுக்கு வந்தார்.

அடுத்த தேர்தல் வந்தது. அந்தமுறை பெண்களும் வாக்குப் போடலாம். போட்டியிடப் போன வல்லிபுரத்தின் நியமனப் பத்திரத்தில் சங்கக் கிளாக்கர் தம்பிஐயா 'வல்லியன்' என்று எழுதினார். அதை 'வல்லிபுரம்' என்று திருத்தும்வரைக்கும் மேசையடியை விட்டு இவர் அசையவில்லை. திரும்பிவந்து பார்த்தால், மரத்தில் கட்டியிருந்த முட்டிகளை யாரோ கல்லெறிந்து உடைத்திருந்தார்கள். புது முட்டிகள் கட்டினார்.

அவரை வெல்ல வைத்தது உண்மையில் ஊர்ப் பெரிய மனிதர்களின் குணம்தான். முத்துக்குமாருவுக்கும் அவருடைய மச்சான் கதிரவேலுவுக்கும் எல்லைவேலி ஒன்றில் பகை. வேலிக்கு நட்ட ஒரு கதியால் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று இரண்டு குடும்பமும் செத்தவீட்டுக்கும் போகாமல் இருந்தன. முத்துக்குமாரு தேர்தல் கேட்கிறார் என்றதும் கதிரவேலுவும் போட்டிக்குக் கேட்டார். தனக்கு வாக்குப் போடும்படி இருவரும் கேட்டதாக யாருக்கும் நினைவில்லை. மற்றவனுக்குப் போடாதே என்றுதான் வீடுவீடாகச் சொன்னார்கள். ஊர் இருவருடைய சொல்லையும் பாதிபாதியாகக் கேட்டது. பனங்கூடல் பெண்கள் மட்டும் வரிசையாகப் போய் வல்லிபுரத்துக்கு ஒதுக்கிய பச்சை வாக்குப்பெட்டியை நிரப்பிவிட்டு வந்தார்கள்.

முடிவு தெரிந்தபின் ஊர் சோறு தின்னவில்லை என்று சொன்னால் மிகை. தின்றது, ருசியில்லாமல்.

புதிய சங்கத்தின் முதல் கூட்டத்துக்கு அங்கத்தவர்கள் எல்லாரும் நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு அதிசயம் நடந்ததில்லை. கூட்ட அறையில் ஆளுக்கு ஒன்றாகக் கதிரைகள் போட்டுக் கிடந்தன. அதுதான் சிக்கல்.

"உவன் வந்து கதிரையிலை இருந்தால் நான் இந்தச் சங்கத்திலை இரன்," என்றார் பொன்னம்பலம். பெரிய புகையிலை வியாபாரி, பெரிய உடம்பு, ஒரு காலில் வாதம்.

"இருக்க விடாட்டில் அரசாங்கக் கச்சேரிக்குப் பெட்டிசம் போடுவான். ஏசண்டுத் துரை எங்களைத்தான் கேப்பார்," என்றார் தம்பிஐயா.

அருளம்பலத்தார் கைத்தடியின் பூணைத் தடவிக்கொண்டே யோசித்தார். ரயில்வே அவருக்கு வீணாகப் பென்சன் கொடுக்கவில்லை. "எல்லாக் கதிரையையும் பின் அறைக்குள்ளை போட்டுப் பூட்டுங்கோ," என்றார்.

வெளுத்த வேட்டியும் சால்வையுமாக வல்லிபுரம் படியேறி வந்தபோது சங்கம் முழுவதும் எழுந்து நின்றுகொண்டிருந்தது. தனக்காகத்தான் எழுந்தார்களோ என்று ஒரு கணம் நினைத்துவிட்டதாக அவர் பிறகு பொன்னியிடம் சொல்லிச் சிரித்தாராம்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "சீமையிலை யுத்தம் நடக்குது. எங்கடை ராசாவின்ரை சிப்பாய்மார் பனிக்குள்ளை நிண்டு சண்டை பிடிக்கினம். அந்த நேரம் நாங்கள் கதிரையிலை சாய்ஞ்சு கிடக்கிறது அழகில்லை. யுத்தம் முடியுமட்டும் இந்தச் சங்கம் நிண்டபடி நடக்கும்."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. வல்லிபுரமும் கை உயர்த்தினார். பனையின் உச்சியில் இரண்டு கால்களையும் நாரில் மாட்டி நின்று தொழில் செய்கிறவருக்கு, சமதரையில் நிற்பது ஒரு பொருட்டா?

மற்றவர்களுக்குத்தான் பொருட்டாயிற்று. ஒருவர் சுவரில் சாய்ந்தார். சால்வை முழுவதும் சுண்ணாம்பு. இன்னொருவர் யன்னல் கட்டையில் குந்தப் பார்த்துத் தலைவரின் கண்ணைக் கண்டு எழும்பினார். நிலத்தில் இருக்கலாமே என்று யாருக்கும் தோன்றாமல் இல்லை. ஆனால் நிலத்தில் இருந்தால் நிற்கிற வல்லிபுரம் உயர்ந்துபோவார். அது கதிரையை விடக் கேடு. ஆகவே நின்றார்கள். சங்க வேலைகள் சுறுக்காக முடிந்தன. மதகு திருத்துவதா, சரி, சந்திக்கு விளக்கா, சரி, போவோம். வல்லிபுரத்தின் கிணறு மட்டும் எப்போதும் கடைசி விசயமாக வைக்கப்பட்டு, நேரமில்லை என்று அடுத்த மாதத்துக்குத் தள்ளப்பட்டது.

இரண்டு மூன்று முறை அப்படிப் போனபின் ஒரு கூட்டத்தில் கிணறு கடைசிக்கு முன்னால் வந்தது. கடைசி விசயம் பொன்னம்பலத்தின் புகையிலைக் கொட்டிலுக்குக் கல் றோட்டுப் போடுவது. அதைத் தள்ளிப்போட முடியாது. கிணற்றைப் பற்றி வல்லிபுரம் ஏதாவது சொல்லட்டும், கேட்டுவிட்டு வாக்கெடுத்துத் தோற்கடிப்போம் என்பது ஏற்பாடு.

வல்லிபுரம் தொடங்கினார். பனங்கூடலின் முதல் குடிசையிலிருந்து தொடங்கினார். அந்தக் குடிசையில் யார், எந்தக் கிணற்றடியில் நிற்கிறார்கள், அங்கே என்ன பேச்சு வாங்குகிறார்கள். பிறகு அடுத்த குடிசை.

"நாகியின்ரை தாய்க்குக் காய்ச்சல், நயினார். வாய் நனைக்கத் தண்ணி இல்லை. நாகி குடத்தோடை நிண்டவள். முத்துக்குமாரு நயினார் வீட்டுக்காரர் வந்து மாட்டுக்கு அள்ளி வாத்தினம். மாடு குடிச்சு முடிய வாளியைக் கழட்டிக்கொண்டு போயிட்டினம். பிறகு பக்கத்து வீட்டுக் கந்தியின்ரை கதை..."

"சரி, சரி. சுருக்கமாச் சொல்லு," என்றார் தலைவர்.

"சுருக்கமாச் சொல்லத் தெரியேல்லை, நயினார். எங்களுக்குச் சங்கத்திலை கதைச்சுப் பழக்கமில்லை."

கந்திக்குப் பிறகு கந்தியின் மாமி வந்தாள். பொன்னம்பலம் காலை மாற்றி நின்றார். தலைவர் கொக்குப் போல ஒரு காலைத் தூக்கிக் கைத்தடியில் பாரத்தைப் போட்டார். "முதல்லை றோட்டை எடுப்பம்," என்று பொன்னம்பலம் முனகினார்.

தம்பிஐயா தயங்கினார். "விசயங்களை எடுக்கிற ஒழுங்கை மாத்திறதெண்டால் எல்லா அங்கத்தவரும் சம்மதிக்க வேணும்."

"எனக்குச் சம்மதமில்லை," என்றார் வல்லிபுரம், மாமியின் கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்கு முன்.

வெயில் தணிந்தது. மாலை மரம் ஏறுகிற நேரம். ஏறாவிட்டால் பாளை பழுதாகும், அன்றைய கள்ளும் இல்லை. யன்னலுக்கு வெளியே பனைகளின் தலைகளை வல்லிபுரம் ஒருமுறை பார்த்தார். ஆனாலும் அடுத்த குடிசைக்குப் போனார்.

பொன்னம்பலத்தின் வாதக்கால் பூசணிக்காய் போல வீங்கிவிட்டது. முகம் கோணிப்போயிற்று. "ஒரு கிணறுதானே!" என்று கத்தினார். "குடுத்துத் துலையுங்கோ! என்ரை கால் போகுது!"

கை உயர்ந்தது ஒன்று, இரண்டு, எல்லாம். கிணறு நிறைவேறியது. றோட்டும் நிறைவேறியது. வல்லிபுரம் அதற்கும் கை உயர்த்திவிட்டு ஓட்டமும் நடையுமாகப் பனங்கூடலுக்குப் போனார். இருட்டிவிட்டிருந்தது. அன்றைக்கு அவர் மரம் ஏறவில்லை.

அடுத்த கூட்டத்தில் கதிரைகள் வெளியே வந்திருந்தன. பொன்னம்பலம் முதலில் வந்து ஒன்றில் நிரம்பியிருந்தார். "ஆர் இருந்தால் எனக்கென்ன, எனக்கு என்ரை கால்தான் பெரிசு," என்று ஏற்கனவே சொல்லிவிட்டார் போலிருந்தது. தலைமுறை தலைமுறையாக எங்கள் ஊர் காத்துவந்த ஆசாரம் ஒரு புகையிலை வியாபாரியின் வாதக்காலில்தான் இவ்வளவு நாளும் நின்றிருக்கிறது என்பது அன்றைக்குத் தெரியவந்தது.

வல்லிபுரம் கதிரைகளைப் பார்த்தார். "நயினார், சண்டை முடிஞ்சுதோ?" என்று கேட்டார்.

அவர் சால்வையை ஒதுக்கிவிட்டு ஒரு கதிரையில் இருந்தார். பக்கத்துக் கதிரைக்காரர் தன் கதிரையை ஒரு முழம் இழுத்துப்போட்டார். அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை.

கிணற்றைப் பனங்கூடல் ஆட்களே இரும்பு அலவாங்கு போட்டு வெட்டினார்கள். கல் பெயர்த்துக் கீழே போக, நல்ல தண்ணீர் வந்தது. திறப்புவிழாவுக்குப் பந்தல் போட்டார்கள். அருளம்பலத்தாரின் பெயர் பொறித்த கல் ஒன்று கிணற்றுக்கட்டில் பதிக்கப்பட்டது. வேறு பெயர் இல்லை. அவர் எழுந்து, "கோலாலம்பூரிலே" என்று தொடங்கி, இந்த ஏழைகளின் தாகம் தன் நெஞ்சை எவ்வளவு காலமாக வாட்டியது என்று விளக்கிக்கொண்டிருக்கும்போதே பின்னால் வாளி விழுந்த சத்தம் கேட்டது. பொன்னியும் நாகியும் அள்ளத் தொடங்கிவிட்டார்கள்.

"பொறுங்கோடி! நான் இன்னும் திறக்கேல்லை!"

"நீங்கள் கதையுங்கோ நயினார், நாங்கள் அள்ளுறம்," என்றார் பொன்னி. "உலை வைக்க வேணும்."

பேச்சு எப்படி முடிந்தது என்று யாருக்கும் தெரியாது. வல்லிபுரம் அங்கே இல்லை. அவர் மரத்தில் இருந்தார்.

கதிரை வந்தபிறகு சங்கம் பழையபடி ஆகிவிட்டது. உடம்புக்கு நோவில்லை என்றால் எங்கள் பெரியவர்களுக்குப் பேச்சு ஊறும். தலைவரின் ஒழுங்கையில் போடுகிற தெருவிளக்கு அவர் வீட்டுப் படலையைப் பார்க்கவேண்டுமா, தெரு முடக்கைப் பார்க்கவேண்டுமா என்று ஒரு பின்னேரம் முழுவதும் கதைத்தார்கள். பனங்கூடலுக்கு ஒழுங்கை என்றால் உபகுழு, பள்ளிக்கூடம் என்றால் உபகுழு. உபகுழு கூடவே கூடாது. மற்ற எல்லாரும் உட்கார்ந்திருக்க, நின்று நின்று பேசி ஒருவரை அசைப்பது முடியாத காரியம். வல்லிபுரம் கதிரையில் இருந்தபடியே தூங்கிய நாட்களும் உண்டு. அதை நான் மறைக்கமாட்டேன்.

"இருந்து பாத்திட்டன், பொன்னி," என்றார் ஒருநாள். "அங்கை ஒண்டுமில்லை. இனி எலெக்சன் கேக்கிறேல்லை."

பொன்னி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். "ஒண்டுமில்லாத இடமெண்டால் ஏன் அவங்கள் கதிரையைப் பூட்டினவங்கள்?"

ஆகவே வல்லிபுரம் அடுத்த தேர்தலுக்கும் கேட்டார்.

இந்தமுறை முத்துக்குமாருவும் கதிரவேலுவும் அந்தப் பிழையை விடவில்லை. எல்லைவேலிச் சண்டை தீர்ந்துவிட்டது. ஒருவருடைய மகளை மற்றவருடைய மகனுக்குக் கட்டிக்கொடுத்து, முத்துக்குமாரு மட்டும் கேட்டார். பெரியவர்கள் எத்தனையோ பேர் இடையில் நின்றும் தீராத பகையைத் தீர்த்துவைத்த பெருமை வல்லிபுரத்தையே சேரும். யாரும் அதற்கு அவருக்கு நன்றி சொல்லவில்லை.

அவர் தோற்றார். முடிவு சொன்னதும், வென்றவருக்குக் கைகொடுப்பது முறை என்று கேள்விப்பட்டிருந்தபடியால் கையை நீட்டிக்கொண்டு போனார். முத்துக்குமாரு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். வல்லிபுரம் நீட்டிய கையால் தன் தலையைச் சொறிந்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

பொன்னி சோற்றைப் போட்டு முன்னால் வைத்தார். அவர் தின்று முடிந்து கை கழுவும்போதுதான் பொன்னி வாய் திறந்தார்.

"அடுத்த முறைக்கு ஆர் கேக்கிறது? நீங்களோ, நானோ?"