தொடர்புடைய கணக்குகள்

தேநீர்க் கெண்டி உடையாமல் மூடி மட்டும் உடைந்துபோகும் வீடுகள் உலகம் முழுக்க இருக்கின்றன. அந்த வீடுகளை நம்பித்தான் க்ளெனிஸ் டாம்ஸ் பிழைத்தாள். இப்போது யாரும் செய்யாத பழைய பீங்கான் வகைகளில் ஒற்றை மூடி, ஒற்றை சாஸர், ஜோடி இல்லாத கோப்பை என்று இங்கிலாந்தின் ஸ்டோக் நகரம் பூராவும் அலைந்து வாங்குவாள். அதை இணையச் சந்தை ஒன்றில் போட்டு விற்பாள். அந்தச் சந்தைக்குப் பெயர் உண்டு என்றாலும் எங்கள் பகுதியான லாங்டனில் எல்லோரும் 'சைட்' என்றுதான் சொல்வோம். பள்ளிக்கூடச் சமையலறையில் நின்று நின்று முட்டி தேய்ந்து வேலையை விட்டவளுக்கு இதுதான் சோறு போட்டது.

எங்கள் கடையில் பால், பத்திரிகையெல்லாம் என் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார். பார்சல் அனுப்பும் கவுண்டர் என்னுடையது. அதனால் இந்தத் தெருவில் யார் எதை விற்கிறார்கள் என்று எனக்கு அத்துப்படி. க்ளெனிஸின் பக்கத்து வீட்டு ஜெனீன் ப்ளோர் குழந்தைகளின் பழைய உடுப்புகளை விற்றாள். மூலைவீட்டு நெவில் வாக்ஸ்டாஃப் பழைய ரேடியோ பாகங்களை விற்றான். மதியம் மூன்று பேரும் ஒன்றாகத்தான் வருவார்கள். கவுண்டரை மறித்துக்கொண்டு அரட்டை அடிப்பார்கள். பின்னால் நிற்பவர்கள் தொண்டையைச் செருமினாலும் நகர மாட்டார்கள்.

சைட் சட்டத்தை மாற்றும். மின்னஞ்சல் வரும். எல்லாப் படங்களுக்கும் வெள்ளைப் பின்னணி வேண்டும் என்றது ஒருமுறை. க்ளெனிஸ் படுக்கை விரிப்பைச் சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிட்டு எல்லா மூடிகளையும் மறுபடி படம் எடுத்தாள். எடுத்து முடித்த கையோடு, வெள்ளைப் பின்னணியில் பீங்கானின் ஓரம் சரியாகத் தெரியவில்லை, சாம்பல் நிறம் வேண்டும் என்றது. பிறகு, வாங்கியவர் கீழே போட்டு உடைத்தாலும் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும் என்றது.

"நாளைக்கு நம்மளையே திருப்பி எடுத்துக்கச் சொல்லி நம்ம அம்மாக்கு எழுதுவானுங்க பாரு" என்றான் நெவில்.

"உன்னை உங்கம்மா வாங்கிக்க மாட்டாங்க. அப்பவே டேமேஜ் பீசு" என்றாள் ஜெனீன்.

அப்படிச் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் அந்த மின்னஞ்சலும் வந்தது. மற்ற விதிகளுக்கு நடுவில் ஒரே ஒரு வரி: விலக்கப்பட்ட விற்பனையாளரோடு தொடர்புடைய கணக்குகளும் விலக்கப்படும். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதலில் போனது ஜெனீன். தானமாக வந்த பழைய பொருட்களை விற்கும் தர்மக் கடையில் வாங்கிய ஒரு குழந்தைக் கோட்டைப் போலிச் சரக்கு என்று யாரோ புகார் எழுதிவிட்டார்கள். கணக்கு மூடப்பட்டது. அவள் எழுதினாள், கெஞ்சினாள், திட்டினாள். ஒவ்வொரு முறையும் 'உங்கள் பொறுமைக்கு நன்றி' என்று பதில் வந்தது.

அடுத்துப் போனது நெவில். அவன்மேல் ஒரு புகாரும் இல்லை. 'உங்கள் கணக்கு, விலக்கப்பட்ட ஒரு கணக்கோடு தொடர்புடையது' என்று மட்டும் வந்தது. என்ன தொடர்பு என்று கேட்டான். அதைச் சொல்வதற்கில்லை என்றார்கள். பிரிண்டர் கெட்டுப்போனபோது ஜெனீன் வீட்டில் போய் முகவரிச் சீட்டு அச்சடித்தது அவனுக்கு ஞாபகம் வந்தது. அதுதான் காரணமா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. தெரியாததால்தான் எல்லோரும் பயந்தார்கள். ஒரே வைஃபை என்றாள் ஒருத்தி. ஒரே பார்சல் கவுண்டர் என்றான் இன்னொருவன். அன்றிலிருந்து சிலர் என் கடைக்கு வருவதை விட்டுவிட்டு, மழையில் நனைந்துகொண்டு பக்கத்து ஊரான ஃபென்டன் வரைக்கும் பெட்டிகளைச் சுமந்துகொண்டு போனார்கள்.

ஒருநாள் ஜெனீன் பால் வாங்க வந்தாள். கவுண்டருக்கு முன்னால் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அவள் வரிசையில் வந்து நின்றதும் முன்னால் இருந்த பெண் எதையோ மறந்தவள் போல வெளியே போனாள். இன்னொருவர் போனார். சத்தமே இல்லாமல் கடை காலியானது. ஜெனீன் கையில் பாலோடு நடுக்கடையில் தனியாக நின்றாள்.

"என்னம்மா, என்மேல நாத்தம் வருதா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் சில்லறையை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

க்ளெனிஸுக்கும் ஜெனீனுக்கும் முன்வாசல் சிநேகம் கிடையாது. பின்கட்டுக் கதவைத் தட்டாமல் திறந்துகொண்டு வருகிற சிநேகம். க்ளெனிஸுக்கு முட்டி அறுவை நடந்தபோது குளிப்பாட்டி விட்டவள் ஜெனீன். அவளுடைய போன் க்ளெனிஸ் வீட்டு வைஃபையைத் தானாகவே பிடித்துக்கொள்ளும். க்ளெனிஸின் தூக்கத்தைக் கெடுத்தது அதுதான்.

"ஜெனீன், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே? உன் போனை வெளியவே வச்சுட்டு வர்றியா?"

"ஏன், அதுக்குக் காய்ச்சலா?"

"எங்க வீட்டு வைஃபைல சேந்துக்குதுடி. அது அவங்களுக்குத் தெரிஞ்சுடுமாம். நெவில் சொன்னான்."

"நெவில் சொன்னா சரியாத்தான் இருக்கும். நிலாவுக்கு யாரும் போகவே இல்லன்னு சொன்ன அறிவாளியாச்சே."

ஆனால் போனை முற்றத்துச் சுவர்மேல் வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள். தூறல் விழுந்தது. இருவருமே ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டே தேநீர் குடித்தார்கள். அதற்குப் பிறகு ஜெனீன் வரவில்லை. க்ளெனிஸ் வைஃபை கடவுச்சொல்லையும் மாற்றினாள். மாற்றியும் மனம் ஆறவில்லை. பக்கத்து வீட்டுக் கதவுச் சத்தம் கேட்டால் திரைக்குப் பின்னால் நின்று, ஜெனீன் தன் வாசலைத் தாண்டிப் பேருந்துக்குப் போகும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பாள். இதை அவளே என்னிடம் சொன்னாள். சொல்லும்போதும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். கடையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் இருந்தோம்.

பிறகு, விற்பனையாளர்களின் இடத்தை வீடியோ அழைப்பில் சரிபார்ப்போம் என்று சைட் எழுதியது. அந்த இடத்தில் புழங்கும் எவரும் தங்களை அடையாளம் காட்ட வேண்டுமாம்.

அழைப்பு ஒரு காலையில் வந்தது. பேசியவனின் முகம் திரையில் இல்லை. குரல் மட்டும்தான். மிக மரியாதையான குரல்.

"வணக்கம், திருமதி டாம்ஸ். சரக்கு வச்சிருக்கற இடத்தைக் கொஞ்சம் காட்டுறீங்களா?"

க்ளெனிஸ் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னறைக்கு நடந்தாள். முட்டை அட்டைகளில் அடுக்கிவைத்த மூடிகளைக் காட்டினாள். போனை அவள் வேகவேகமாக நகர்த்தியதால் அவனே, "மெதுவா காட்டுங்க, அவசரமில்ல" என்றான்.

"பின்னாடி ஒரு கதவு தெரியுதே. அது எங்க போகுது?"

"முற்றத்துக்கு."

"திறந்து காட்ட முடியுமா?"

திறந்தாள். வாசலில் ஜெனீன் நின்றிருந்தாள். கையில் ஒரு தட்டு. சீஸ் வைத்துச் சுருட்டிய ஓட்கேக், எங்கள் ஊர் ஓட்ஸ் தோசை, மேலே அலுமினியத் தாள். முந்தின நாள்தான் நான் ஜெனீனிடம், க்ளெனிஸ் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை போலிருக்கிறது, கன்னம் ஒட்டிப்போய்விட்டது என்று சொல்லியிருந்தேன்.

குரல் கேட்டது: "இவங்க யாரு?"

ஜெனீன் போனைப் பார்த்தாள், சிநேகிதியின் முகத்தைப் பார்த்தாள்.

"கேஸ் மீட்டர் பாக்க வந்தேங்க" என்றாள்.

மறுபக்கம் யாரோ விசைப்பலகையில் தட்டும் சத்தம்.

"திருமதி டாம்ஸ், உங்களுக்கும் இவங்களுக்கும் ஏதாவது தொடர்பு இருக்கா?"

"இல்ல" என்றாள் க்ளெனிஸ்.

"மீட்டர்ல ஒண்ணும் குறையில்ல. நான் வர்றேங்க." தட்டை ஓசைப்படாமல் படியில் வைத்துவிட்டு, ஜெனீன் முற்றத்தைத் தாண்டிப் போனாள்.

மறுவாரம் க்ளெனிஸின் பெயருக்குப் பக்கத்தில் சரிபார்த்ததற்கான பச்சை அடையாளம் விழுந்தது. "என்னை நீக்கல, வச்சுக்கிட்டாங்க" என்று கவுண்டரில் வந்து சொன்னாள். நல்ல சேதி சொல்கிற முகமா அது? கழுவிய தட்டு பையில் இருந்தது. அதைக் கொடுக்கும் தைரியம் வராமல் கூடவே தூக்கிக்கொண்டு திரிந்தாள். "போய்க் குடுத்துட்டு வா" என்று நான்தான் விரட்டினேன்.

ஜெனீன் கதவைப் பாதிதான் திறந்தாளாம்.

"என்ன மேடம், மீட்டர்ல கோளாறா?"

க்ளெனிஸ் அழுதுவிட்டாள்.

"ஏய், அழாதடி. நான் உன்மேல கோவமா இல்ல. கோவமா இருந்தேன், இப்ப இல்ல. ஆனா உள்ள வராத. நீ ஒருத்தியாவது அதுல இரு. இந்த வயசுல உன்னை யாரு வேலைக்கு வப்பா?"

"உன்னை யாரு வப்பா?"

"நான் ஹான்லில ஆபீஸ் கூட்டறேன். என் வெளக்கமாறு யாரோட தொடர்புல இருக்குன்னு அங்க யாரும் கேக்கல."

இப்போது இருவரும் செவ்வாய்க்கிழமைகளில் நகர மையமான ஹான்லியில், கூரை போட்ட சந்தைக்குள் இருக்கும் தேநீர்க்கடையில் சந்தித்துக்கொள்கிறார்கள். வேறு வேறு பேருந்தில் போவார்கள், போன்களை வீட்டிலேயே வைத்துவிடுவார்கள். ஊருக்குத் தெரியாமல் தொடுப்பு வைத்துக்கொண்டவர்களைப் போல. சைட் போன மாதமும் ஒரு விதியை மாற்றியது. அதைச் சொல்ல க்ளெனிஸ் வாயெடுத்தால், "இங்க அந்தப் பேச்சு வேணாம்" என்று ஜெனீன் அடக்கிவிடுகிறாளாம்.

சென்ற செவ்வாய் எனக்கும் அங்கே வேலை இருந்தது. அவர்களோடு உட்கார்ந்தேன். பேச்சு பழையபடி ஓடியது. நெவிலைக் கேலி செய்தார்கள். அப்போது பக்கத்து மேசைப் பெண் ஒருத்தி தன் கேக்கைப் படம் எடுக்க போனை உயர்த்தினாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எதிரெதிர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பிறகு ஜெனீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

க்ளெனிஸ் சிரிக்கவில்லை. அந்தப் பெண் போனைக் கீழே வைக்கும்வரை காத்திருந்துவிட்டு, என் பக்கம் குனிந்து கேட்டாள்: "நாங்க ரெண்டு பேரும் அந்தப் படத்துல சேந்து விழுந்திருப்போமா?"