எங்கள் வீட்டுப் பெண்ணுக்குப் பட்டு ஆகாது

முதலில் ஒரு மன்னிப்பு. மாவு பொங்கி வழிந்த கதை, ஏழரை மணி பஸ்ஸைக் கோட்டை விட்ட கதை என்று வாராவாரம் இந்த இடத்தில் எதையாவது எழுதிக்கொண்டிருப்பவள் நான். படித்தது பத்தாவது வரை. நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்க வராது. அதனால்தான் எழுதவே ஆரம்பித்தேன். டாக்டர்கள் எழுத வேண்டிய விஷயத்தை இந்த வாரம் நான் எழுதுகிறேன். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் என் மகனுக்குக் கல்யாணம்.

தாலியில் இரண்டு முடிச்சு மாப்பிள்ளை போடுவான். மூன்றாவதை அவன் கூடப்பிறந்தவள் போட வேண்டும். எனக்கு இருப்பது ஒரே மகள். சுமதி. பதினாலு வயது, ஒன்பதாம் வகுப்பு. அப்புறம் என்ன, அவள்தானே போட வேண்டும்? ஆனால் நிச்சயம் ஆன நாளிலிருந்து வீட்டில் ஒரே கேள்விதான் சுற்றிச் சுற்றி வந்தது. "முடிச்சு யாரு போடறது?"

காரணம் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சுமதி பெரியவள் ஆனபோது மண்டபம் பிடித்துச் சடங்கு செய்தோம். பட்டுப் புடவை கட்டி, மாலை போட்டு உட்கார வைத்தோம். மேளம் ஆரம்பித்தது. அவ்வளவுதான்... காதைப் பொத்திக்கொண்டு கத்தினாள். ஜரிகை குத்துகிறது, குத்துகிறது என்று எல்லார் முன்னாலும் புடவையை உருவிப் போட்டாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஓங்கி அறைந்தேன். பெற்றவள் நான்தான் அறைந்தேன்.

பிடிவாதம் என்றோம். செல்லம் கொடுத்துக் கெடுத்தது என்றோம். பள்ளிக்கூடத்தில் மணி அடித்தால் பெஞ்சுக்கு அடியில் போகிறாள் என்று டீச்சர் கூப்பிட்டனுப்பிய பிறகுதான், யாரோ சொன்னார்கள் என்று மெட்ராஸ் போனோம். அங்கே ஒரு டாக்டரம்மா மூன்று தடவை வரச் சொல்லி, நிதானமாகப் பார்த்து, ஒரு பெயர் சொன்னார். ஆட்டிசம்.

என் கணவர் தறி நெய்கிறவர். அவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தினி நாளு மாத்திரை சாப்புடணும் டாக்டர்?"

"மாத்திரை இல்லைங்க. இது நோயும் இல்லை. சத்தம், வெளிச்சம், துணி... நமக்குச் சாதாரணமா இருக்கறது அவளுக்குப் பல மடங்கா இருக்கும். எது முடியும், எது முடியாதுன்னு அவகிட்டயே கேளுங்க."

தலையாட்டிவிட்டு வந்தோம். கேட்டோமா? இல்லை.

பஸ் பூந்தமல்லி தாண்டியதும் அவர் சொன்னார், "அப்ப அது திமிரு இல்ல வசந்தா." அதற்கப்புறம் ஊர் வந்து சேரும்வரை ஜன்னலுக்கு வெளியிலேயே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சடங்கன்று அவளை அறைந்தது ஞாபகம் வந்துகொண்டே இருந்தது.

கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. அவர் சுமதிக்கென்று தனியாக ஒரு பட்டுப் புடவை தறியில் ஏற்றினார். மயில்கழுத்து நிறம். கரையில் ஜரிகையே கிடையாது. குறுக்கே ஓடும் நூலில் ஒரு இழையைக் குறைத்து, மெல்லிசாக நெய்தார். ஒவ்வொரு முழம் ஏறும்போதும் குனிந்து தன் கன்னத்தில் தேய்த்துப் பார்ப்பார். "குத்தல... நீ பாரு." நானும் கன்னத்தைக் கொடுப்பேன். ஏழு கழுதை வயதில், தறியில் முகத்தைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறோம்!

புடவை இறங்கியது. சுமதியிடம் நீட்டினார். அவள் ஒரே ஒரு விரலால் தொட்டாள். மடிப்பு அசைந்தது. கையை இழுத்துக்கொண்டாள்.

"சத்தம் போடுதுப்பா."

அவருக்குப் புரியவில்லை. எப்படிப் புரியும்? கடைக்காரர்கள் புதுப் பட்டைக் காதருகே கசக்கிக் காட்டி, "கேளுங்க, அசல் சரக்கு" என்பார்கள். அந்தச் சரசரப்புதான் எங்களுக்குப் பெருமை. அந்தப் பெருமையைத்தான் ஒரு மாதம் உட்கார்ந்து அவளுக்காகப் பார்த்துப் பார்த்து நெய்திருக்கிறார். நோய்க்கு மருந்து கேட்டோம், இல்லை என்றார்கள். உடனே எங்களுக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தோம் — நெய்தோம். அவளைக் கேட்கவில்லை.

அன்றைக்குத்தான் கேட்டேன். "சுமதி, கல்யாணத்துக்கு உனக்கு இன்னாமா வேணும்?"

அவள் கணக்கு நோட்டை எடுத்துப் பின் பக்கத்தில் எழுதிக் கொடுத்தாள். நீலக் காட்டன் சுடிதார், பழசு. மேளம் அடிக்கக் கூடாது. யாரும் தொடக் கூடாது. கடைசியாக, அடிக்கோடு போட்டு: முடிச்சு நான் போடணும்.

அவளுக்கு அந்த ஆசை இருக்கும் என்றே எங்களுக்குத் தோன்றவில்லை, பாருங்கள். அவள் பெரியப்பா மகளைப் போடச் சொல்லலாம் என்று நாங்களே முடிவு செய்து வைத்திருந்தோம்.

என் கணவரின் அக்கா காதுக்கு விஷயம் போனது. செருப்பைக்கூட வாசலில் சரியாக விடாமல் வந்தார்.

"பட்டு நெய்யற வூட்டுப் பொண்ணு சுடிதார் போட்டுக்கினு மணவறைக்கு வருவாளா? ஊரே சிரிக்கும்டா!"

"சிரிக்கட்டும்க்கா. கல்யாண வூடுதானே."

"கெட்டிமேளம் இல்லாம முடிச்சா? அந்த நேரம் பாத்து எவனாவது தும்மித் தொலைச்சா?"

"நீ உன் மூக்கப் புடிச்சுக்கோ. மத்தவங்கள நான் பாத்துக்கறேன்."

அக்காவைச் சமாளித்துவிடலாம். பெண் வீட்டாரை? தென்னேரிக்குப் போனோம். வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனதில் பாதி, காபி டம்ளரைக் கையில் வாங்கியதும் மறந்துவிட்டது. எப்படியோ சொல்லி முடித்தேன். சம்பந்தி தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "வந்தவங்க நாளைக்கு ஒரு பேச்சு பேசுவாங்களேம்மா..." என்று இழுத்தார்.

சமையல்கட்டு வாசலிலிருந்து ஒரு குரல். கல்யாணப் பெண் தேன்மொழி.

"கழுத்து என்னுதுதானேப்பா? அவ சுடிதார்ல வந்தா இன்னா, நைட்டியில வந்தா இன்னா? அவளே போடட்டும் அத்தை."

இந்தப் பெண் என் மகனுக்கு எந்தப் புண்ணியத்தில் கிடைத்தாளோ தெரியாது!

ஏற்பாடு இதுதான். முதல் இரண்டு முடிச்சுக்குக் கெட்டிமேளம். அதுவரை சுமதி பின்னால் இருக்கிற அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு இருப்பாள். பிறகு நான் கை காட்டுவேன். மேளம் நிற்கும். அவள் வருவாள். தவில்காரரிடம் சொன்னபோது ஒரு மாதிரி பார்த்தார். "நிறுத்தறதுதானேம்மா, நிறுத்திடலாம்" என்றார். அவ்வளவுதான்.

முகூர்த்தம். இரண்டு முடிச்சு விழுந்தது. கை காட்டினேன். மேளம் நின்றது. கதவைத் திறந்தேன்.

சுமதி எழுந்திருக்கவில்லை.

மண்டபம் முழுக்க அமைதி. ஐயர் வாட்சைப் பார்க்கிறார். என் மகன் தாலிக் கயிற்றின் இரண்டு நுனியையும் பிடித்தபடி இந்தப் பக்கம் பார்க்கிறான். பெரியப்பா மகள் ஒரு எட்டு முன்னால் வைத்துவிட்டாள். என் கை தானாகச் சுமதியின் தோளை நோக்கிப் போனது... பிடித்து இழுத்திருந்தால் வந்திருப்பாள். அல்லது பழையபடி கத்தியிருப்பாள். கையை மடக்கி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் அத்தனை கஷ்டப்பட்டு நான் எதையும் செய்ததில்லை.

"எத்தினி பேரு?" என்றாள்.

"முன்னூறு பேரு இருக்கும்."

"உக்காந்துக்கினு இருக்காங்களா?"

"உக்காந்துக்கினுதான் இருக்காங்க."

"யாரும் எழுந்துக்க மாட்டாங்களே?"

"மாட்டாங்க. நான் பாத்துக்கறேன்."

எழுந்தாள். பழைய நீலச் சுடிதார், வெறுங்கால், யார் முகத்தையும் பார்க்காமல் நேராக மணவறைக்குப் போனாள். ஃபேன் சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. முன் வரிசையில் எங்கள் அக்கா நிஜமாகவே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்.

அவசரப்படாமல் போட்டாள். விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தாள். பிறகு அண்ணியிடம் கேட்டாள், "இறுக்குதா?"

"இல்ல. சரியா இருக்குது" என்றாள் தேன்மொழி.

அட்சதைக்குக்கூட நிற்கவில்லை. வந்த வழியே திரும்பிப் போய் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டாள். தவில்காரர் குச்சியை ஓங்கியபடியே, கதவு மூடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். மூடிய பிறகுதான் அடித்தார். அதுவரை காத்திருக்கச் சொல்லி அவரிடம் யாரும் சொல்லவில்லை.

முகம் தெரியாத வாடிக்கையாளருக்கு நெய்யும்போது எத்தனை கேள்வி கேட்கிறோம்! என்ன கலர், கரை எத்தனை விரல், முந்தானையில் அன்னமா மாங்காயா... வீட்டில் இருக்கிற பெண்ணை ஒரு கேள்வி கேட்க எங்களுக்குப் பதினாலு வருஷம் ஆகியிருக்கிறது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். பெயர் தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். கேட்டுப் பாருங்கள். வாயால் சொல்லாவிட்டால் ஒரு நோட்டைக் கொடுங்கள்.

மறுநாள் சுமதி பதினொரு மணி வரை தூங்கினாள். எழுந்து இரண்டு இட்லி சாப்பிட்டாள். அன்றைக்கு முழுக்க யாரிடமும் பேசவில்லை. நாங்களும் பேசச் சொல்லவில்லை.