நடுக்கோட்டில் நின்ற கால்கள்

பேய்க் கதை என்றதும் நடுச்சாமம், அமாவாசை, நாய் ஊளை என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பீர்கள். அதெல்லாம் என்னிடம் இல்லை. இது நடந்தது 1987 பிப்ரவரி 17, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்றே முக்கால் மணிக்கு. நான் குடித்திருக்கவில்லை. காய்ச்சலும் இல்லை. கண்ணாடியை அன்று காலைதான் துடைத்திருந்தேன். நம்பாதவர்கள் நம்பாமலே போங்கள். உங்களைக் கெஞ்சும் பொறுமை எனக்கு இல்லை.

என் பெயர் ஆர்லிஸ் மோர்க். எங்கள் லோவல் கிராசிங், அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் சோளக்காடுகளுக்கு நடுவே இருக்கும் சின்ன ஊர். வாரப் பத்திரிகையில் ‘ஊர்ச் செய்திகள்’ பத்தியை இருபது வருடமாக நான்தான் எழுதுகிறேன். யார் யார் வீட்டுக்குக் காபி குடிக்கப் போனார்கள், யாருக்குப் பித்தப்பைக் கல் எடுத்தார்கள், யார் பெண் யாரோடு சுற்றுகிறாள், எல்லாம் எனக்கு வந்துவிடும். ஒரே ஒரு செய்தியை மட்டும் நான் எழுதியதே இல்லை.

எங்கள் ஊர்ப் பெண்கள் ஆடும் கூடைப்பந்துக்கு ஒரு விதி உண்டு. அணிக்கு ஆறு பேர். மூன்று பேர் பந்து போடுகிறவர்கள், மூன்று பேர் தடுக்கிறவர்கள். ஆடுகளத்தின் நடுவே ஒரு கோடு. தடுக்கிறவள் தன் பாதியிலேயேதான் நிற்க வேண்டும். பெருவிரல் கோட்டைத் தாண்டினாலும் விசில். பந்து எதிரணிக்குப் போய்விடும். முழுக்களமும் ஓடினால் பெண்பிள்ளைகளின் உடம்பு கெட்டுவிடும் என்று ஏதோ ஒரு மேதாவி போட்ட விதி. விடிகாலை ஐந்து மணிக்கு மாட்டில் பால் கறந்து, பனியில் தீவன மூட்டை சுமந்த உடம்பு எங்களுடையது. அது பாதிக் களத்துக்கு மேல் ஓடினால் கெட்டுவிடுமாம்!

1953. பள்ளிகளுக்கான மாநில இறுதி ஆட்டம். ஊரே காலியாகி, மாநிலத் தலைநகர் டெ மோயினுக்கு வந்திருந்தது. கடைசி ஒன்பது நொடி. நாங்கள் ஒரு புள்ளி முன்னால் இருந்தோம். பந்து நடுக்கோட்டுப் பக்கம் உருண்டது. தடுக்கிறவர்களில் இரண்டு பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு பாய்ந்தோம், நானும் ட்வைலா பிரெக்கும். ஒரு கால் கோட்டைத் தாண்டியது. விசில் ஊதிய நடுவர் எங்கள் இருவர் பக்கமும் பொதுவாகக் கையைக் காட்டினார். ஒலிபெருக்கிக்காரர்தான், “பதினாலாம் நம்பர், ட்வைலா பிரெக்!” என்றார். பந்து அவர்களுக்குப் போயிற்று. போட்டார்கள். ஒரு புள்ளியில் தோற்றோம்.

தாண்டியது என் இடது கால்.

ட்வைலா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டேன்.

ஊர் அவளைச் சும்மா விடவில்லை. பிப்ரவரி வந்தால் அவள் வீட்டு வாசலில் யாராவது சாக்பீஸால் கோடு போட்டு வைப்பார்கள். தேவாலய விருந்தில் சமையலறை வாசலில் டேப் ஒட்டி, “பாத்துடி ட்வைலா, தாண்டிடாத!” என்று பெரியவர்களே கெக்கலித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. இரண்டு வருடத்தில் மேற்குக் கடற்கரையில் ஒரேகான் பக்கம் போனவள், திரும்பி வரவே இல்லை.

1987-க்கு வருகிறேன். அந்த வார வெள்ளிக்கிழமை, நாங்கள் ஆடிய பழைய ஜிம்மை, பள்ளி விளையாட்டு அரங்கை, இடிப்பதாக இருந்தது. பத்திரிகை அதற்கென்று ஒரு நினைவுப் பக்கம் போடுகிறது. ஆசிரியர் கார்வினுக்கு முப்பது வயது. செவ்வாய் காலை, அச்சுக்குப் போகவிருந்த தாளை என் முன்னால் விரித்தான்.

“தலைப்பப் பாருங்க ஆர்லிஸக்கா. ‘ஊரைக் கவுத்த கால்’. செமயா இருக்குல்ல?”

“அத எடுத்துரு.”

“ஏன்க்கா? ஊருக்கே தெரிஞ்ச கததான. சும்மா ஒரு தமாஷ்.”

“முப்பத்தி நாலு வருசமா தமாஷா? அவ பேரு வரக் கூடாது, கார்வின்.”

“அப்ப அவ இல்லன்னு ஆதாரம் கொண்டாங்க. நாளைக்கு மத்தியானம் பன்னெண்டு வரைக்கும் டைம்.”

மேசையில் ஓங்கி ஒரு குத்து விட்டேன். காபி சிந்தியது. அவ்வளவு கோபத்திலும் உண்மை வாயில் வரவில்லை. வேறு யோசனைதான் வந்தது. அந்தக் காலத்தில் எங்களுக்கு ஸ்கோர் எழுதியவர், ஆட்டத்தில் யார் தும்மினாலும் ஓரத்தில் குறித்துவைப்பார். அந்த நோட்டுகள் ஜிம் மேடையில் ஒரு அலமாரியில் கிடந்தன. கோடு தாண்டிய இடத்தில் அவர் பெயர் எழுதாமல் விட்டிருந்தால் போதும். ட்வைலாவும் தப்பிப்பாள், நானும் தப்பிப்பேன். எவ்வளவு கெட்டிக்காரத்தனம், பாருங்கள்.

சாவி ஜிம் காவலாளி ஓர்வில் பெரியவரிடம் இருந்தது.

“சீக்கிரம் வந்துரும்மா. கரண்ட்ட அறுத்துட்டாங்க.”

“பத்து நிமிச வேலதான்.”

“பந்து, வளையம், பெஞ்சு எல்லாம் ஏலத்துல போயிருச்சு. உள்ள ஒரு ஈ எறும்பு கெடையாது.”

மூன்று முப்பத்தொன்றுக்குக் கதவைத் திறந்தேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. உயரத்து ஜன்னல்கள் வழியாகச் சாம்பல் வெளிச்சம். கூரைப் பூச்சை முந்தின வாரமே உடைத்திருந்ததால் தரை முழுக்கச் சுண்ணாம்புத் தூள், வெள்ளை வெளேரென்று. அதில் ஒரு கால்தடம்கூட இல்லை. நான் நின்றது மேற்கு வாசல். மேடை கிழக்குக் கோடியில். நடுவில் முழு ஆடுகளம்.

கதவு எனக்குப் பின்னால் தானாகவே சாத்திக்கொண்டது. காற்று என்று நினைத்தேன்.

பத்தடி நடந்திருப்பேன். ஆரஞ்சு வாசனை வந்தது. எங்கள் காலத்தில் இடைவேளைக்கு ஆரஞ்சுதான் நறுக்கிக் கொடுப்பார்கள். இப்போது உரித்த மாதிரி அவ்வளவு பச்சையாக... பாழடைந்த கட்டடத்தில், உறைபனியில்.

தப்.

கூரையிலிருந்து பனி விழுகிறது என்று நினைத்தேன்.

தப்... தப்.

கூரையில் இல்லை. தரையில். ஷூ சத்தமும் இல்லை. வெறுங்கால் சத்தம்.

மணி பார்த்தேன். மூன்று நாற்பது.

“ஓர்வில்?”

கூப்பிட்டுக்கொண்டே நடந்தேன். நடுக்கோட்டுக்கு இரண்டடி முன்னால் நின்றுவிட்டேன். கோட்டுக்கு அந்தப் பக்கம், தூளில், இரண்டு பாதங்கள் பதிந்திருந்தன. விரல்கள் என்னைப் பார்த்து. விரல் நுனி கோட்டை ஒட்டி. இங்கு வந்ததற்குத் தடமே இல்லை. அந்த இரண்டு பாதம் மட்டும்தான்.

சரி, வேலையாட்கள் யாராவது... வெறுங்காலோடா? இந்தக் குளிரிலா?

இடது பக்கம் ஒதுங்கினேன்.

தப். தப். என் கண் முன்னாலேயே தூளில் புதிதாக இரண்டு தடம் விழுந்தன. என் நேர் எதிரே.

வலது பக்கம் பாய்ந்தேன்.

தப் தப் தப். அதுவும் வலது பக்கம்.

அந்த ஓட்டம் எனக்குத் தெரியும். பக்கவாட்டில், கால் பின்னாமல், எதிரியின் இடுப்பை மட்டும் பார்த்து ஓடுகிற ஓட்டம். தடுக்கிறவர்கள் ஓடுவது. நான்கு வருடம் அவள் பக்கத்தில் நின்று நானும் ஓடியிருக்கிறேன்.

“ட்வைலா?”

மூச்சு. சூடான மூச்சு, என் நெற்றியில். அவள் என்னைவிட நாலு அங்குலம் உயரம்.

பயந்தேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. கோபம் வந்தது. எதற்கு என்னைத் தடுக்கிறாள்? அவளுக்காகத்தானே வந்தேன்! தலையைக் குனிந்துகொண்டு கோட்டைப் பார்த்து ஓடினேன்.

நெஞ்சில் இரண்டு உள்ளங்கை. தள்ளவில்லை. சுவர் மாதிரி நின்றன. நான்தான் மோதி விழுந்தேன்.

எழுந்தேன். மறுபடி மோதினேன். மறுபடி விழுந்தேன்.

மூன்று நாற்பத்தேழு.

“விடுடி! உன் பேரக் காப்பாத்தத்தான்டி வந்திருக்கேன்!”

மூச்சு பக்கத்தில் வந்தது. இன்னும் பக்கத்தில்.

“அந்த நோட்ட மட்டும் எடுத்துக்கறேன்... வழி விடு...”

தப்.

ஒரே இடத்தில். காலை ஓங்கி உதைக்கிற சத்தம்.

தப். தப். தப். தப்.

ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன.

“சரிடி! என் கால்தான்!”

தப். தப்.

“என் கால்தான்டி தாண்டுச்சு! நாந்தான்! நாந்தான்!”

நின்றது.

எல்லாம் நின்றது.

பிறகு... என் காதுக்குள்... யாரோ ஒருமுறை காறித் துப்பிய சத்தம்.

ஓடினேன்.

நோட்டும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். கதவை இடித்துத் திறந்து பனியில் விழுந்து எழுந்தபோது மூன்று ஐம்பத்திரண்டு. ஓர்வில் கேட்டதற்குப் பெருச்சாளி என்று சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டேன். நடந்ததை யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு ஸ்வெட்டர் போட்டும் பல் தந்தியடித்தது.

ட்வைலா செத்துப்போய்விட்டாள் என்று முடிவு செய்தேன். வேறு என்ன நினைப்பது? அவள் ஒன்றுவிட்ட தங்கையிடம் போன் நம்பர் வாங்கி, மாலை ஆறு ஐம்பதுக்கு ஒரேகானுக்குப் போன் செய்தேன். எடுத்தது அவள் மகள் ரெனே.

“அம்மாவோட ஊர்க்காரி பேசறேன்மா. ஆர்லிஸ். அம்மா... எப்படி இருக்காங்க?”

“இருக்காங்க ஆன்ட்டி. ஆறு வருசமா வீல்சேர்தான். இடுப்புக்குக் கீழ உணர்ச்சியே கெடையாது.”

உயிரோடு இருக்கிறாள். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

“நீங்க ஏன் ஆன்ட்டி இன்னிக்குன்னு பாத்துக் கூப்புடறீங்க?”

“ஏன்மா?”

“மத்தியானம் ஒண்ணு நாப்பது இருக்கும். தூக்கத்துல திடீர்னு மூச்சு வாங்க ஆரம்பிச்சாங்க. ரெண்டு கையயும் மேல தூக்கிக்கிட்டு. உலுக்குனேன், எந்திரிக்கல. பத்து நிமிசம் அப்படியே.”

ஒரேகான் கடிகாரம் எங்களுக்கு இரண்டு மணி நேரம் பின்னால். அங்கே ஒன்று நாற்பது என்றால் எங்கள் ஊரில் மூன்று நாற்பது.

“டாக்டரக் கூப்பிட்டியா?”

“வந்து பாத்தாரு. அவருக்கும் புரியல. உள்ளங்கால் பூராக் கொப்புளம், ஆன்ட்டி. ஆறு வருசமாத் தரையவே தொடாத கால். கொப்புளம் ஒடஞ்சு, விரல் இடுக்கெல்லாம் வெள்ளையா... சுண்ணாம்பு.”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். ரெனேவுக்குப் பின்னால் யாரோ கரகரத்த குரலில் என்னவோ சொல்வது கேட்டது.

“இருங்க ஆன்ட்டி, அம்மாதான்... உங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொல்றாங்க.”

“என்ன?”

“‘ஆளே இல்லாத எடத்துல போயிக் கத்துனா ஆச்சா? ஊருக்கு முன்னால கத்தச் சொல்லு அவள’ங்கறாங்க. எனக்கு ஒண்ணும் வெளங்கல. எங்க கத்துனீங்க?”

ஜிம்முக்குள் என்னைத் தவிர யாரும் இல்லை. நான் கத்தியதை ஒரு மனிதரிடமும் சொல்லியிருக்கவில்லை.

அன்று செவ்வாய். புதிய ஜிம்மில் எங்கள் பெண்களின் ஆட்டம். கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு போனேன். எட்டு பன்னிரண்டுக்கு இடைவேளை விசில். நேராக ஸ்கோர் மேசைக்குப் போய் ஒலிபெருக்கிக்காரன் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினேன்.

“ட்வைலா பிரெக் கோட்டத் தாண்டல. நான் தாண்டுனேன். அவ மேல பழி விழுந்தப்போ வாயப் பொத்திக்கிட்டிருந்தேன். நீங்க சிரிச்சப்போ கூடச் சேந்து சிரிச்சேன். இப்போ சிரிங்க, பாப்போம்.”

அறுநூறு பேர் இருந்தார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.