பெட்டி மாறிய இரண்டு உறைகள்

கல்லறைத் திருநாளுக்கு முன்தினம் கோயிலில் இரண்டு பெட்டிகள் வைப்பார்கள். இறந்தவர்களின் பெயர் எழுதிய உறை ஒன்றில் விழ வேண்டும்; உயிரோடு இருப்பவர்களுக்கான நன்றி உறை மற்றதில். உக்குவளைப் பக்கத் தோட்டத்தில் இறப்பர் பால் வெட்டும் சலேத்தம்மாவுக்கு இதையெல்லாம் மகள் பிரவீனாதான் பார்த்துச் செய்வாள். இந்த வருடம் அவள் பிரசவத்துக்காக மாத்தளை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிரஷர் ஏறிவிட்டது, நாளைக் காலை ஒப்பரேஷன் என்று சொல்லிவிட்டார்கள். நல்லபடியாக முடியும் என்ற நம்பிக்கையில் மகளுக்கு முன்கூட்டியே ஒரு நன்றி உறை, செத்துப்போன புருஷன் இஞ்ஞாசிக்கு ஓர் உறை. தன் கோழிக் கிறுக்கலில் பெயர்களை எழுதி, இரண்டையும் ஒட்டி, அவசரத்தில் போட்டுவிட்டு வந்தாள்.

இஞ்ஞாசி லேசான ஆளில்லை. குடித்துக் குடித்தே, சாகும்போது ஃபாதர் எண்ணெய் பூசும் கடைசிப் பூசுதல்கூடப் பெறாமல் போனவன். அவன் ஆன்மா எங்கே வேகிறதோ என்ற பயத்திலேயே பதினொரு வருடம் செபம் சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் காலை கல்லறைகளுக்கு நடுவே பூசை. ஃபாதர் இறந்தவர்களின் பட்டியலை வாசித்துக்கொண்டே வந்து, "பிரவீனாவின் ஆன்மா இளைப்பாற" என்றார். கூட்டம் பதில் செபம் சொன்னது. உறைகளைப் பெட்டி மாற்றிப் போட்டுவிட்டோம் என்று சலேத்தம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். அடுத்து நன்றிப் பட்டியல். அதில் இஞ்ஞாசியின் பெயர் காதில் விழுந்தபோது அவள் கேட்டைத் தாண்டிவிட்டாள்.

மருமகன் வினோஜனின் போன் வேலை செய்யவில்லை. வெளியே ஆட்டோக்கார றஹீமின் த்ரீவீல் நின்றது.

"தம்பி, ஆஸ்பத்திரிக்கு விடுங்க. பெத்த புள்ளய நானே செத்தவங்களோட சேத்துட்டேன்!"

விஷயத்தைக் கேட்ட றஹீம், "பேர் மாறினா உசிர் போகாது அக்கா. அல்லா பாத்துக்குவான்" என்றான். ஆனால் அவனும் வேகத்தைக் கூட்டினான்.

வார்டு வாசலில் வினோஜன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான்.

"இப்பதான் உள்ள கொண்டு போனாங்க, அத்த."

ஒரு மணி நேரம். செபமாலையைக் கையில் எடுத்தாலும் ஒரு மந்திரமும் ஞாபகம் வரவில்லை. செத்தவர்கள் இருக்கும் இடத்தில் மகளின் பெயரைக் கூப்பிட்டாயிற்று. அங்கே அவளுக்குத் தெரிந்த ஆள் இஞ்ஞாசி ஒருவன்தான். சலேத்தம்மா அவனோடு பேசினாள்.

"இந்தாங்க, குடிகாரனா இருந்தாலும் நீங்க அவளுக்கு அப்பன். அவ வந்தா வாசல்லயே நின்னு திருப்பி அனுப்பிடுங்க. உள்ள மட்டும் விட்டுடாதீங்க."

கதவு திறந்தது. பெண் குழந்தை. தாயும் சுகம் என்றாள் நர்ஸ் மிஸ்.

பின்னேரம் கட்டிலருகே போனபோது பிரவீனா கண்ணைத் திறக்க முடியாமல் திறந்தாள்.

"அம்மா, அப்பா பேர வாசிச்சாங்களா?"

"வாசிச்சாங்க புள்ள. நன்றிப் பட்டியல்ல."

"ஐயோ, பெட்டி மாறிப் போட்டுட்டீங்களா?"

"ஒன் அப்பாவோடத சரியாத்தான் போட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டு, பதினொரு வருடத்தில் முதல் தடவையாக அவனுக்காகப் பயமில்லாமல் அழுதாள்.